மதுரையில் ஒரு நாள், கடலோரம் மூன்று நாள்: கம்ப்யூட்டரில் கோடைப் பயணத் திட்டம்

ஏப்ரல் பிறந்தால் போதும். எனக்குச் சொந்த ஊர் உச்சிப்புளி என்று தெரிந்த நண்பர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்கத் தொடங்கிவிடுவார்கள். "மதுரையும் ராமேஸ்வரமும் சேர்த்துப் போகணும், எத்தனை நாள் போதும்?" இந்த முறை கேட்டது என் மாமா. ஓய்வு பெற்ற கையோடு லேப்டாப் வாங்கி மூன்று மாதம் ஆகிறது. அத்தையும் அவரும் மட்டும் சேர்ந்து வெளியூர் போய் பல வருடம் ஆகிவிட்டதாம். நான் வேலை பார்ப்பதும் அவர்கள் இருப்பதும் சென்னையில்தான் என்பதால், ஒரு ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

மாமா ஏற்கெனவே எக்செலில் ஓர் அட்டவணை போட்டிருந்தார். நான்கு நாள், பத்தொன்பது இடம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் அத்தை முகத்தில் சந்தோஷத்தைக் காணோம். "நான் கேட்டது கடல். இதுல கடல் எங்கப்பா இருக்கு?" என்றார். "ராமேஸ்வரமே கடலுக்கு நடுவுலதானே இருக்கு!" என்றார் மாமா. யார் சொல்வது சரி என்று கம்ப்யூட்டரையே கேட்டுவிடலாம் என்று உட்கார்ந்தோம். அன்று செய்ததையெல்லாம் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய யாரும் அரை நாளில் செய்துவிடலாம்.

1.30 என்றால் ஒன்றரை மணி அல்ல

எக்செல் இல்லாதவர்கள் லிபர் ஆபீஸ் தொகுப்பில் உள்ள கால்க் புரோகிராமை இலவசமாக டவுண்லோட் செய்துகொள்ளலாம். கூகுள் கணக்கு இருந்தால் கூகுள் ஷீட்ஸ் போதும். எதில் செய்தாலும் முதலில் மாமா செய்த தவறைப் பார்த்துவிடுங்கள். ஒன்றரை மணி நேரம் என்பதற்கு அவர் 1.30 என்று டைப் செய்திருந்தார். முக்கால் மணி நேரத்துக்கு 0.45. இரண்டு ஒன்றரை மணியும் ஒரு முக்கால் மணியும் கூட்டினால் 3 மணி 45 நிமிடம் வர வேண்டும். கம்ப்யூட்டர் 3.05 என்று காட்டுகிறது. அதற்குத் தெரிந்தது சாதாரண தசமக் கணக்கு. ஒரே கூட்டலில் 40 நிமிடம் காணாமல் போய்விட்டது! பத்தொன்பது வரிக்கு எவ்வளவு போயிருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் நிமிடமாகவே எழுதுவதுதான் சுலபமான வழி. ஒன்றரை மணிக்கு 90 என்று போடுங்கள். வெறும் எண் மட்டும்தான் இருக்க வேண்டும். '90 நிமிடம்' என்று அதே கட்டத்தில் டைப் செய்தால் அது எழுத்தாகிவிடும், கூட்டலில் சேராது.

அடுத்து ஆறு பத்திகள் வைத்துக்கொண்டோம்: நாள், இடம், திறக்கும் நேரம், மூடும் நேரம், நிமிடம், வகை. வகை என்ற பத்தியில் கோயில், கடல், வண்டி, பார்வை, ஓய்வு என்று ஐந்தில் ஒன்றை மட்டும் எழுத வேண்டும். ஓர் இடத்தில் 'கடல்' என்றும் இன்னோர் இடத்தில் 'பீச்' என்றும் எழுதினால் கம்ப்யூட்டர் அவற்றை இரண்டு வகையாக எடுத்துக்கொள்ளும்.

இப்போது தலைப்பு வரியைத் தேர்வு செய்து, டேட்டா மெனுவில் ஃபில்டர் என்பதைக் கிளிக் செய்யுங்கள் (கால்க்கில் ஆட்டோஃபில்டர்). வகைக்குப் பக்கத்தில் சின்ன அம்புக்குறி வரும். அதைக் கிளிக் செய்து 'கடல்' என்பதில் மட்டும் டிக் வையுங்கள். மீதி வரிகள் மறைந்துவிடும். நிமிடப் பத்தியை மவுஸால் இழுத்துத் தேர்வு செய்தால் திரையின் கீழ் ஓரத்தில் கூட்டுத்தொகை தெரியும். ஃபார்முலா எதுவும் தேவையில்லை.

தனுஷ்கோடி 45, அக்னி தீர்த்தம் 30. மொத்தம் 75. நான்கு நாளில் கடலுக்கு ஒன்றேகால் மணி நேரம்! 'வண்டி' என்று மாற்றிப் பார்த்தால் 1,020 நிமிடம், அதாவது 17 மணி நேரம். சென்னை ரயில் இதில் சேரவில்லை. அத்தை ஒன்றும் சொல்லவில்லை, மாமாவைப் பார்த்தார், அவ்வளவுதான்.

நம் கையில் இல்லாதவற்றை முதலில் எழுதுங்கள்

எங்கெல்லாம் போகலாம் என்பதை விட்டுவிட்டு, எதை நம்மால் மாற்ற முடியாது என்று பட்டியல் போட்டோம். மதுரை மீனாட்சி அம்மன் கோயில் நண்பகலில் நடை சாத்தி மாலையில்தான் திறக்கும். ராமேஸ்வரம் ராமநாதசுவாமி கோயிலும் அப்படியே. அங்கே ஸ்படிக லிங்க தரிசனம் அதிகாலை 5 மணிக்கு. 22 தீர்த்தங்களிலும் குளித்தால் ஈர உடையை மாற்றிக்கொண்டுதான் சன்னதிக்குப் போக முடியும் என்பதால் அதற்கும் நேரம் ஒதுக்க வேண்டும். அருங்காட்சியகங்களுக்கு வார விடுமுறை உண்டு. அது எந்தக் கிழமை என்று இடத்துக்கு இடம் மாறும், போன் செய்து கேட்டு எழுதிவிடுங்கள். மீனாட்சி கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது. 2018 பிப்ரவரியில் அங்கே நடந்த தீ விபத்துக்குப் பிறகு வந்த நீதிமன்ற உத்தரவு அது. போனை ஒப்படைத்துத் திரும்ப வாங்கும் வரிசைக்கு 30 நிமிடம் சேருங்கள். நுழைவுச் சீட்டும் ரயில் டிக்கெட்டும் போனில் மட்டும் இருக்கிறது என்பவர்கள் ஒரு பிரதி பிரிண்ட் எடுத்துக்கொள்வது நல்லது.

இன்னொன்று சித்திரைத் திருவிழா. சித்ரா பவுர்ணமியை ஒட்டி அழகர் ஆற்றில் இறங்கும் நாட்களில் மதுரையில் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. விழா பார்க்கவே போகிறவர்கள் வேறு. மற்றவர்கள் காலண்டரில் பவுர்ணமியைப் பார்த்துவிட்டுத் தேதி வைக்கவும்.

கடைசியாக வெயில். பகல் 12 முதல் 4 வரை எல்லா நாளிலும் 'ஓய்வு' என்று 240 நிமிடம் போட்டுவிட்டேன். "மாப்ளே, தூங்கவா போறோம்?" என்றார் மாமா. மே மாத மதுரையில் அந்த நேரத்தில் வெளியே நின்று பார்த்தவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்கள்.

இத்தனையும் எழுதியதும் பத்தொன்பது இடம் பதினொன்றாகக் குறைந்துவிட்டது. மதுரைக்கு ஒரே நாள். இரவு ரயிலில் போய் விடியற்காலை இறங்கினால் காலையில் மீனாட்சி கோயில், ஓய்வுக்குப் பிறகு 1636-இல் கட்டப்பட்ட திருமலை நாயக்கர் மகால். ராணி மங்கம்மாளின் பழைய அரண்மனையில் 1959 முதல் இயங்கும் காந்தி அருங்காட்சியகமா, 2023-இல் திறந்த கீழடி அருங்காட்சியகமா என்று மாமா திணறினார். கீழடி, ராமநாதபுரம் போகும் பக்கத்தில்தான் இருக்கிறது. காரில் போகிறவர்கள் மறுநாள் போகிற வழியில் பார்த்துவிடலாம். ரயிலில் போகிறவர்களுக்குத் தனியாக ஓர் அரை நாள் வேண்டும். இவர்கள் ரயில் என்பதால் காந்தி அருங்காட்சியகம் என்று முடிவாயிற்று.

திரும்பி வரும்போது மதுரைக்கு வர வேண்டியதில்லை. ராமேஸ்வரத்திலிருந்தே சென்னைக்கு இரவு ரயில் இருக்கிறது. இந்த ஒரே மாற்றத்தில் 'வண்டி' கணக்கில் நான்கு மணி நேரம் மிச்சம்.

இரண்டு கடல்

கடற்கரையைத் தேர்வு செய்ய கூகுள் மேப்ஸைத் திறந்து, சாட்டிலைட் காட்சிக்கு மாற்றி, உச்சிப்புளியைத் தேடிப் பாருங்கள். நிலம் எவ்வளவு ஒடுங்கிவிட்டது என்று தெரியும். வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. ஒரு கரையில் ரைட் கிளிக் செய்து 'மெஷர் டிஸ்டன்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்து, எதிர்க் கரையில் கிளிக் செய்யுங்கள். பத்து கிலோமீட்டர்கூட வராது.

மேப்பில் இரண்டும் ஒரே நீல நிறம். நேரில் அப்படி இல்லை. எங்கள் பக்கத்தில் வடக்குக் கடலைப் பெண் கடல் என்றும் தெற்குக் கடலை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். பாக் நீரிணை ஆழம் குறைந்தது. கோடையில் தென்மேற்குக் காற்று எழும்போது மன்னார் வளைகுடா பக்கம் அலை கூடும், மணல் வந்து முகத்தில் அடிக்கும். அந்த நேரத்தில் வடக்குக் கரை குளம் போல் கிடக்கும். வாடைக் காற்று மாதங்களில் நிலைமை தலைகீழ். எனவே மே மாதம் வயதானவர்கள் கால் நனைத்து உட்கார நினைத்தால் உச்சிப்புளிக்குப் பக்கத்தில் உள்ள அரியமான் கடற்கரைதான் என் தேர்வு. சவுக்கு நிழலும் உண்டு. சொந்த ஊர்ப் பாசம் கொஞ்சம் இருக்கலாம், மன்னியுங்கள். ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற மத்திய அரசு நிறுவனம் தன் இணையதளத்தில் கடல் கொந்தளிப்பு எச்சரிக்கை வெளியிடுகிறது. கிளம்பும் முன் அதையும் ஒருமுறை பாருங்கள்.

தனுஷ்கோடியை விட முடியாது. 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் அழிந்த ஊர். இடிந்து நிற்கும் தேவாலயச் சுவர்களைக் கடந்து அரிச்சல்முனை வரை 2017 முதல் நல்ல சாலை இருக்கிறது. ராமேஸ்வரத்திலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். நிழல் என்பதே கிடையாது, மாலைக்குப் பிறகு இருக்கவும் விட மாட்டார்கள், இரண்டு கடலும் சேரும் அந்த முனையில் குளிப்பது ஆபத்து. காலையிலேயே போய் வந்துவிட வேண்டும். போகும் முன் மேப்ஸில் அந்தப் பகுதியை ஆஃப்லைன் மேப்பாகப் போனில் சேமித்துக்கொண்டால் சிக்னல் போனாலும் வழி தெரியும்.

பாம்பனில் 1914-இல் திறந்த பழைய ரயில் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றுவிட்டது. 2025 ஏப்ரல் 6 முதல் புதிய பாலம். நீளம் 2 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். கப்பல் வந்தால் நடுவில் 72.5 மீட்டர் நீளமுள்ள பகுதி அப்படியே மேலே உயரும். இன்டர்நெட்டில் இருக்கும் பழைய பயணக் குறிப்புகளில் ரயில் மண்டபம் வரைதான் போகும் என்று இன்னும் இருக்கிறது. எந்தப் பக்கத்தைப் படித்தாலும் அது எழுதப்பட்ட தேதியை முதலில் பாருங்கள்.

ஒரு சின்ன விஷயம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. நாட்டுப் படகு மீன் மட்டும் வரும், விலை ஏறிவிடும். அத்தைக்கு மீன் இல்லாமல் ஆகாது. சாப்பாட்டுச் செலவில் ஆயிரம் ரூபாய் கூட்டினோம்.

டிக்கெட் தேதியைக் கணக்கிட

2024 நவம்பர் முதல் ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் தொடங்குகிறது. அது என்றைக்கு என்று விரல் விட்டு எண்ண வேண்டாம். பயணத் தேதி உள்ள கட்டத்திலிருந்து 60-ஐக் கழிக்கச் சொன்னால் எக்செலே சொல்லிவிடும். தட்கல் எடுக்க 2025 ஜூலையிலிருந்து ஐ.ஆர்.சி.டி.சி. கணக்கை ஆதாருடன் சரிபார்த்திருக்க வேண்டும். இதை முன்கூட்டியே செய்து வையுங்கள். தட்கல் நேரத்தில் ஓ.டி.பி.க்குக் காத்திருந்தால் டிக்கெட் போய்விடும். ஸ்டேஷன் குறியீடு மதுரைக்கு எம்.டி.யு., ராமேஸ்வரத்துக்கு ஆர்.எம்.எம்.

1,800 ரூபாய்

எல்லாம் முடிந்தது என்று எழுந்தபோது மாமா மெதுவாகச் சொன்னார், "ராமேஸ்வரத்துல ரூம் மட்டும் போட்டுட்டேன் மாப்ளே. நேத்து ராத்திரி அட்வான்ஸ் 1,800 அனுப்பியாச்சு."

எங்கே என்று கேட்டேன். கூகுளில் 'ராமேஸ்வரம் கோயில் தங்கும் விடுதி' என்று தேடி, முதலில் வந்ததைக் கிளிக் செய்திருக்கிறார். அதன் மேல் சிறிய எழுத்தில் 'ஸ்பான்சர்டு' என்று இருந்தது. காசு கொடுத்து முதலிடத்தில் வைக்கும் விளம்பரம் அது. பக்கத்தில் கோபுரப் படம், சங்கு, சக்கரம் எல்லாம் உண்டு. ஆனால் அட்ரஸ் பார் 'டாட் ஷாப்' என்று முடிந்தது. அறநிலையத் துறைக் கோயில்களின் இணையதள முகவரி 'எச்ஆர்சிஇ டாட் டிஎன் டாட் ஜிஓவி டாட் இன்' என்றுதான் முடியும். அறையின் படத்தில் ரைட் கிளிக் செய்து கூகுளில் அதே படத்தைத் தேடினேன். கேரளத்தில் உள்ள ஒரு ரிசார்ட்டின் படம். பணம் போனதோ ஒரு தனி நபரின் பெயருக்கு. அந்தப் பெயர் பணம் அனுப்பும் முன்பே போன் திரையில் வந்திருக்கிறது. மாமா கவனிக்கவில்லை.

உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் போன் செய்தோம். பணம் அனுப்பிய எண், நேரம், யு.பி.ஐ. பரிவர்த்தனை எண் மூன்றையும் கேட்டார்கள். வங்கிக்கும் சொல்லிவிட்டோம். முந்தின இரவே செய்திருந்தால் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம். புகார் எண் கிடைத்தது. பணம் இன்று வரை வரவில்லை.

மாமா அதன் பிறகு ஒரு மணி நேரம் லேப்டாப்பைத் தொடவில்லை. அத்தைதான் "போனது போகட்டும், நீங்களே இன்னொரு ரூம் பாருங்க" என்று அதை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார். இந்த முறை மாமா மேப்ஸில் விடுதியைத் தேடி, அங்கே இருந்த எண்ணில் பேசி, "உங்க வாசலுக்கு எதிரே என்ன கடை இருக்கு?" என்று கேட்டு, ஸ்ட்ரீட் வியூவில் சரிபார்த்தார். இந்தக் கேள்வி நான் சொல்லிக் கொடுத்ததல்ல. அட்வான்ஸ் கேட்காமலே அறை கிடைத்தது.

கடைசி அட்டவணையில் கடல் 420 நிமிடம். பெரிய எழுத்தில் ஒரே பக்கமாக பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். இரண்டாம் நாள் உச்சிப்புளியில் இறங்கி, எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, நாலரை மணிக்கு அரியமான் போயிருக்கிறார்கள். அந்த வரியில் இருந்தது 120. ஊர் திரும்பியதும் மாமா எனக்கு அந்தப் பைலை மெயிலில் அனுப்பினார். 120-ஐ அழித்துவிட்டு 195 என்று திருத்தியிருந்தார். மறுநாள் வரிகளில் ஒன்று முழுதாகவே காணோம்.