பரோட்டா மாவு ஊறும் நேரம்

நல்ல பரோட்டாவைத் தேடிச் சாலைவழியாகப் புறப்படுகிறவர்களுக்குத் தேவதானம் வசதியான ஊர். திருமங்கலம்–கொல்லம் நெடுஞ்சாலையில் வடக்கே போனால் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர். அங்கிருந்து சிவகாசி வழியாக எண்ணெய் பரோட்டாவுக்குப் பேர்போன விருதுநகர். தெற்கே போனால் சிவகிரி, புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி தாண்டிப் பிரானூர், பார்டர் பரோட்டாவின் இடம். பக்கத்துச் செங்கோட்டை 1956 நவம்பர் 1 அன்றுதான் திருவிதாங்கூர்–கொச்சியிலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. எல்லை மேற்கே போன பிறகும் பிரானூருக்கு ‘பார்டர்’ என்ற பெயர் நிலைத்துவிட்டது.

ஒரு முனையில் மொறுமொறுப்பு, மறுமுனையில் மெத்தென்ற அடுக்கு. இரண்டுக்கும் மாவு ஒன்றே, மைதா. அப்படியானால் வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? மாவு பிசைவதிலிருந்தே பார்த்துக்கொண்டு போவோம்.

மைதாவில் தண்ணீர் ஊற்றிப் பிசைந்ததும், கோதுமையிலுள்ள இரண்டு புரதங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு இழுத்தால் நீளும் ஒரு வலையாகின்றன. இதற்குப் பெயர் குளூட்டன். அரிசி மாவில் இது கிடையாது. அதனால்தான் அரிசி மாவை யாரும் வீசுவதில்லை, வீசினால் பிய்ந்துவிடும்.

நாம் எல்லோரும் தவறாக நினைத்துக்கொண்டிருப்பது இந்த இடத்தில்தான். கடை வாசலில் மாஸ்டர் மாவைத் தூக்கி அடிப்பது நம் கண்ணில் படுகிறது. அடிக்க அடிக்கப் பரோட்டா மெதுவாகும் என்று முடிவுகட்டிவிடுகிறோம். உண்மை நேர் எதிர். பிசையப் பிசையக் குளூட்டன் இறுகத்தான் செய்யும். மெதுமை வருவது மாவு சும்மா கிடக்கும் நேரத்தில்.

ராஜபாளையம் நூற்பாலைகளை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அப்போதுதான் நூற்ற நூலைத் தளர விட்டால், ஏறிய முறுக்கில் தானாகவே சுருண்டுகொள்ளும். ஈரப்பதத்தில் சிறிது நேரம் வைத்தால் முறுக்கு அடங்கி, சொன்னபடி கேட்கும். மாவும் அப்படியே. பிசைந்த கையோடு தேய்த்துப் பாருங்கள். விரித்த வட்டம் கண்ணெதிரே உள்வாங்கும். எண்ணெய் தடவி, ஈரத்துணி போட்டு மூடி, சில மணி நேரம் ஊறவிட்ட உருண்டையோ அடியில் விரல் தெரியும் அளவுக்கு மெல்லிசாக விரியும். அடி எல்லாம் நடப்பது அதற்குப் பிறகு, மாவை விரிப்பதற்காக.

விரித்த மாவின் மேல் எண்ணெய் தெளித்து, சேலைக் கொசுவம்போல மடித்துச் சுருட்டுகிறார்கள். மடிப்புகள் ஒட்டாமல் காப்பது அந்த எண்ணெய். சுருட்டியதையும் கொஞ்ச நேரம் விட்டுவைத்த பிறகே தட்டிக் கல்லில் போடுவார்கள். சூட்டில் மாவிலுள்ள தண்ணீர் ஆவியாகி மடிப்புகளைத் தூக்குகிறது. வெந்ததும் நாலைந்தை அடுக்கிப் பக்கவாட்டில் இரு கையாலும் அடிப்பது, ஒட்டியிருக்கும் அடுக்குகளைப் பிரித்துவிடத்தான். பிரானூர் மெத்து இப்படி வருகிறது.

விருதுநகரில் கடைசிப் படி மட்டும் வேறு. எண்ணெய் வியாபாரத்தில் வளர்ந்த ஊர் அது. சிறிதாகத் தட்டிய பரோட்டாவைக் கல்லில் தேங்கிய சூடான எண்ணெயில் பொரிக்கிறார்கள். சுற்றிலும் சலசலவென்று குமிழி வரும். அது மாவிலிருந்து வெளியேறும் தண்ணீர். குமிழி குறையக் குறைய மொறுமொறுப்பு கூடும். எண்ணெய் போதிய அளவு சூடாக இல்லையென்றால் மேல்புறம் சீக்கிரம் இறுகாது, பரோட்டா எண்ணெயைக் குடித்துக் கனத்துவிடும். நன்றாகப் பொரிந்ததைப் பிய்த்துப் போட்டுச் சால்னா ஊற்றினால், நடுப்பகுதி ஊறும், ஓரம் மட்டும் பல்லில் நொறுங்கும்.

அடுத்த முறை இந்தச் சாலையில் ஒரு கடையில் உட்காரும்போது, மாஸ்டரிடம் மாவு எப்போது பிசைந்தது என்று கேளுங்கள். பல மணி நேரம் ஆயிற்று என்றால் நம்பிச் சாப்பிடலாம். வீட்டில் செய்வதானால் முட்டையும் சோடாவும் இரண்டாம்பட்சம். முதலில் மாவுக்கு நேரம் கொடுங்கள்.