கையொப்பத்திற்கு முன் சட்டத்தரணியின் ஆலோசனை அவசியமா?

மாதக்கணக்கில் வேலை தேடி அலைந்த ஓர் இளைஞரின் கைக்கு நியமனக் கடிதம் கிடைக்கும்போது, அவர் முதலில் தேடுவது சம்பளத் தொகையையே. எஞ்சிய பக்கங்கள் பெரும்பாலும் வாசிக்கப்படாமலே கையொப்பம் பெறுகின்றன. தனியார் நிறுவனங்கள் பலவற்றின் ஒப்பந்தங்கள் ஆங்கிலத்திலேயே தயாரிக்கப்படுவதால், தமிழ்மொழி மூலம் கற்றவர்களின் நிலை மேலும் சிக்கலானதாகின்றது. அவ்வாறாயின், ஒவ்வொருவரும் சட்டத்தரணிக்குக் கட்டணம் செலுத்தி ஒப்பந்தத்தைப் பரிசீலிக்க வேண்டுமா? எல்லோருக்கும் அது அவசியமன்று. ஆனால் சிலர் அதனைத் தவிர்த்தலாகாது என்பதே எமது கருத்தாகும்.

எமது நாட்டின் தொழிற்சட்டங்கள் அளிக்கும் அடிப்படைப் பாதுகாப்புகளை ஒப்பந்தத்தின் மூலம் பறித்துவிட முடியாது என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின்படி ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியர் 8 வீதமும் தொழில்தருநர் 12 வீதமும் செலுத்த வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதியத்திற்கான 3 வீதமும் தொழில்தருநருடைய பொறுப்பாகும். தொழில்தருநரின் பங்கையும் ஊழியரின் சம்பளத்திலிருந்தே கழிப்பதற்குச் சட்டத்தில் இடமில்லை. 15 பேருக்குக் குறையாத நிறுவனமொன்றில் ஐந்து வருடங்களைப் பூர்த்தி செய்தவருக்கு 1983ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் பணிக்கொடை உரித்தாகும். அத்தகைய நிறுவனங்களில் 180 நாட்கள் பணியாற்றிய ஒருவரை, ஒழுக்காற்றுக் காரணமின்றி, அவரது எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளர் நாயகத்தின் முன் அனுமதியோ பெறாமல் நீக்குவதை 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் தடுக்கின்றது.

எனவே, இத்தகைய உரிமைகளைப் பற்றி மட்டும் ஐயமுள்ளவர் சட்டத்தரணியைத் தேடிச் செல்ல வேண்டியதில்லை. அருகிலுள்ள தொழில் அலுவலகத்திலேயே விளக்கம் பெறலாம்.

சட்டம் மௌனமாக இருக்கும் இடங்களிலேயே ஒப்பந்தம் பேசத் தொடங்குகின்றது. பயிற்சி அளித்தமைக்காகக் குறிப்பிட்ட வருடங்கள் பணியாற்ற வேண்டும், இடையில் விலகினால் பெருந்தொகை செலுத்த வேண்டும் எனக் கோரும் பிணைமுறிகள். விலகிய பின் அதே துறையில் வேறெங்கும் தொழில் புரியலாகாது என்னும் தடைகள். எந்த மாவட்டத்திற்கும் இடமாற்றலாம் என்னும் நிபந்தனைகள் ஆகியன இவ்வகையின. பிணைமுறியில் தந்தையோ உறவினரோ பிணையாளியாகக் கையொப்பமிட்டிருந்தால், இளைஞரின் தவறான கணிப்பு முழுக் குடும்பத்தின் கடனாக மாறக்கூடும். ஊழியரைச் 'சுயாதீன ஒப்பந்தகாரர்' எனக் குறிப்பிடும் ஒப்பந்தங்கள் இன்னும் கவனத்திற்குரியவை. சேமலாப நிதியும் பணிக்கொடையும் மறுக்கப்படுவதற்கு அப்பெயரே காரணமாகக் காட்டப்படலாம். நீதிமன்றங்கள் பெயரை மட்டுமன்றி உறவின் உண்மைத் தன்மையையும் நோக்குகின்றன என்பது உண்மையே. ஆயினும் அதனை நிரூபிக்கக் காலமும் பணமும் வேண்டும்.

இத்தகைய நிபந்தனைகள் காணப்படும்போது சட்டத்தரணியை நாடுவதே விவேகமாகும். அவ்வேளையிலும் "இது நல்ல ஒப்பந்தமா?" எனப் பொதுவாகக் கேட்பதால் பயனில்லை. நான் விலகினால் எவ்வளவு செலுத்த நேரிடும், என்னை விலக்கினால் எனக்கு என்ன கிடைக்கும், எந்த வாசகத்தை மாற்றுமாறு கோரலாம் என்று கேட்க வேண்டும். கட்டணத்தை முன்கூட்டியே பேசிக்கொள்வதும் நன்று. வசதி குறைந்தோர் 1978ஆம் ஆண்டின் சட்டத்தால் நிறுவப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழுவை அணுகலாம்.

கையொப்பமிட்டு முடித்தவர்கள் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. பணிநீக்கம் செய்யப்பட்டவர் ஆறு மாதங்களுக்குள் தொழில் நியாயசபைக்கு விண்ணப்பிக்கலாம். ஒப்பந்தம் எவ்வாறு கூறினும், நீதியும் நியாயமுமான நிவாரணத்தை வழங்க அச்சபைக்கு அதிகாரமுண்டு. ஆயினும் வந்தபின் போராடுவதிலும் வருமுன் காப்பது எளிது.

ஒப்பந்தத்தின் பிரதியொன்றை வீட்டுக்குக் கொண்டுசென்று வாசிக்க இரண்டு நாள் அவகாசம் கேட்பது எவருக்கும் இழுக்கன்று. அந்த அவகாசத்தையும் மறுத்து அவசரப்படுத்தும் தொழில்தருநரிடமே கூடிய எச்சரிக்கை தேவை. நிறுவனம் தனது ஒப்பந்தத்தைச் சட்டம் அறிந்தவரைக் கொண்டு எழுதுகின்றது. அதில் கையொப்பமிடுபவர் குறைந்தபட்சம் அதன் பொருளையாவது அறிந்திருத்தல் வேண்டாமா?