பூ வண்டிக்கு எந்த ஃபில்டர், எந்தச் சைலன்சர்?

தோவாளைப் பூச்சந்தையில் விடியும் முன்பே வியாபாரம் சூடுபிடித்துவிடும். பிச்சியும் மல்லியும் அரளியும் கொழுந்தும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். நாகர்கோவில், மார்த்தாண்டம், திருவனந்தபுரம் என்று அவற்றைச் சுமந்து செல்பவை பெரும்பாலும் சின்ன வண்டிகள்: ‘குட்டியானை’ என்று நாம் செல்லமாகச் சொல்லும் டாட்டா ஏஸ், அசோக் லேலண்ட் தோஸ்த், மஹிந்திரா பொலேரோ பிக்கப். பிச்சி மொட்டு வாய் திறப்பதற்குள் சரக்கு கடை போய்ச் சேர்ந்தாக வேண்டும். வழியில் வண்டி இழுக்காமல் திணறினால் அன்றைய பூவுக்கு விலை கிடையாது.

அந்த அவசரத்தில் இருப்பவர்களிடம் உதிரிபாகக் கடைகளில் இரண்டு பொருள்களைக் காட்டுவார்கள். ஒன்று, கூம்பு வடிவத்தில் சிவப்பாகப் பளபளக்கும் ஏர் ஃபில்டர். மற்றது, உள்ளே தடுப்பு எதுவும் இல்லாத அகலமான சைலன்சர். எஞ்சினுக்குக் காற்று தாராளமாகப் போய், புகை தாராளமாக வெளியே வந்தால் இழுவையும் கூடும், மைலேஜும் கூடும் என்பது கடைக்காரர் தரும் விளக்கம். கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. எஞ்சினுக்குள் நடப்பதைப் பார்த்தால் அது எவ்வளவு தூரம் சரி என்பது தெரியும்.

எஞ்சின் தின்னும் காற்றின் அளவு நாம் நினைப்பதைவிட மிக அதிகம். பழைய பொலேரோ பிக்கப்பின் டீசல் எஞ்சின் 2,523 சிசி. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை தன் கொள்ளளவுக் காற்றை உள்ளிழுக்கும். நிமிடத்துக்கு 2,000 சுற்றில் ஓடினால் ஏறத்தாழ 2,500 லிட்டர். அதே வேகத்தில் இரண்டு மணி நேரம் ஓடினால் மூன்று லட்சம் லிட்டர். டர்போ அழுத்தி ஊட்டும் காற்றையும் சேர்த்தால் கணக்கு இன்னும் ஏறும். இத்தனையும் கைக்கு அடக்கமான ஒரு காகித மடிப்பின் வழியாகத்தான் போகிறது. அந்தக் காகிதம் பெரிய தடையாக இருக்கும் என்று தோன்றுவது இயல்பு.

அளந்து பார்த்தால் அப்படி இல்லை. நல்ல நிலையில் உள்ள புது ஃபில்டரைக் கடக்கும்போது காற்று இழக்கும் அழுத்தம், காற்றுமண்டல அழுத்தத்தில் இரண்டு மூன்று சதவீதத்துக்குள்தான். கனரக டீசல் எஞ்சின்களில் அந்த இழப்பு ஆறு சதவீதத்தைத் தொட்டால்தான் ஃபில்டரை மாற்றச் சொல்வது வழக்கம். ஃபில்டரையே கழற்றி எறிந்தாலும் மிச்சமாவது அந்த இரண்டு மூன்று சதவீதமே.

டீசல் எஞ்சினில் அந்தச் சொற்ப லாபமும் கைக்கு வராது. பெட்ரோல் எஞ்சினில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் திறப்பது காற்றின் வழி. காற்றின் அளவுக்கு ஏற்பப் பெட்ரோல் சேரும். டீசலில் மிதிப்பது எரிபொருளுக்கான கட்டளை. ஒரு கிலோ டீசல் முழுதாக எரிய சுமார் 14.5 கிலோ காற்று போதும். ஆனால் டீசல் எஞ்சின் முழு லோடிலும் அதைவிடக் கூடுதலாகவே காற்றை வைத்துக்கொண்டு ஓடுகிறது. மிச்சக் காற்று ஏற்கெனவே இருக்கும் இடத்தில் இன்னும் கொஞ்சம் காற்றைச் சேர்த்தால் இழுவை எங்கிருந்து வரும்? எரிபொருளையும் கூட்டினால் வரும். அதற்கு எஞ்சின் கம்ப்யூட்டரின் கணக்கையே மாற்ற வேண்டும். அப்படிக் கூடுதலாக எரியும் டீசலின் சூடும் விசையும் பிஸ்டனையும் டர்போவையும் கிளட்சையும் தாக்கும். 2005-இல் வந்த முதல் டாட்டா ஏஸின் 702 சிசி எஞ்சினுக்கு டர்போவே கிடையாது. இரண்டு சிலிண்டர், 16 குதிரைத் திறன். அந்த வண்டியில் கூம்பு ஃபில்டர் மாட்டினால் காற்று உறிஞ்சும் சத்தம் மட்டும் பெரிதாகக் கேட்கும். சத்தம் கூடியதைச் சக்தி கூடியதாக மனம் எடுத்துக்கொள்கிறது.

இன்னொரு சங்கதி, சூடு. கம்பெனி போட்ட ஃபில்டர் பெட்டியின் வாய் பெரும்பாலும் பானெட்டுக்கு வெளியே, முன்பக்கக் கிரில்லை ஒட்டி இருக்கும். அந்தப் பெட்டியைக் கழற்றிவிட்டுத் திறந்த கூம்பை எஞ்சின் பக்கத்தில் மாட்டினால் அது உறிஞ்சுவது எஞ்சின் சூட்டில் வெந்த காற்றை. 35 டிகிரிக் காற்றுக்குப் பதில் 65 டிகிரிக் காற்று போனால் அடர்த்தி ஏறத்தாழ 9 சதவீதம் குறைகிறது. தடையைக் குறைத்து மிச்சம் பிடித்ததைவிடச் சூட்டில் இழப்பது அதிகம்.

இவற்றையெல்லாம்விட என்னை உறுத்துவது தூசி. தோவாளை வட்டாரத்தில் ஓடும் வண்டிக்கு அதுதான் முதல் எதிரி. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வீசும் காற்று முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றுவதோடு மண்ணையும் கிளப்பிக்கொண்டு வரும். செங்கல் சூளைகளின் பொடி, கேரளத்துக்குப் போகும் ஜல்லி, எம்-சாண்ட் லாரிகள் சிந்தும் கல்தூள் என்று சாலை முழுக்கத் தூசிதான். கல்தூளில் இருக்கும் குவார்ட்ஸ், எஞ்சினின் இரும்பைவிடக் கடினமானது. கண்ணுக்குத் தெரியாத அந்தத் துகள் பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே எண்ணெயோடு சேர்ந்தால், பட்டறையில் வால்வு உட்கார வைக்கத் தேய்ப்பார்களே அந்தப் பேஸ்ட் மாதிரி வேலை செய்யும். ரிங் தேயும், எண்ணெய் மேலேறி எரியும், புகை நீலமாக வரும். டர்போ உள்ள வண்டியில் இன்னும் மோசம்: நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் அதன் காற்றாடி இதழ்களை அதே தூசி அரித்துவிடும்.

காகித ஃபில்டரில் தூசி கொஞ்சம் படிந்த பிறகு அதன் வடிகட்டும் திறன் கூடுகிறது. படிந்த தூசியே அடுத்து வரும் நுண்துகளைப் பிடிக்கும் வலையாகிவிடுகிறது. அதனால்தான் வாரத்துக்கு ஒருமுறை கம்ப்ரஸரில் ஊதிச் சுத்தம் செய்யும் பழக்கம் நல்லதல்ல. பலமான காற்று பட்டால் காகிதத்தின் நார் பிரிந்து, கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழும். ஃபில்டர் வெளுப்பாகத் தெரியும். வேலையை மட்டும் செய்யாது. எண்ணெய் தடவிய பருத்தி ஃபில்டர்கள் பலவும் புதுக் காகிதத்தைவிட அதிகத் தூசியை உள்ளே விடுபவை. எண்ணெயைக் கூடுதலாகத் தடவிவிட்டால் அது காற்று அளக்கும் சென்சாரிலும் போய் ஒட்டிக்கொள்ளும். அப்படியொரு ஃபில்டரை விலை கொடுத்து வாங்கியே தீருவேன் என்பவர், ஐ.எஸ்.ஓ. 5011 என்ற சோதனையில் அது எத்தனை சதவீதத் தூசியைப் பிடித்தது என்ற எண்ணைக் கேட்க வேண்டும். எண் சொல்ல முடியாத ஃபில்டரை வாங்காதீர்கள்.

உங்கள் வண்டியில் தூசி உள்ளே போகிறதா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஃபில்டர் பெட்டியைத் திறந்து, ஃபில்டருக்கு அந்தப் புறம், அதாவது எஞ்சினை நோக்கிப் போகும் ரப்பர் ஹோஸின் உள்சுவரை வெள்ளைத் துணியால் ஒரு சுற்று துடையுங்கள். துணியில் செம்மண் நிறம் வந்தால் ஃபில்டரின் விளிம்பு ரப்பர் சரியாக உட்காரவில்லை, அல்லது ஹோஸ் வெடித்திருக்கிறது, அல்லது கிளாம்ப் தளர்ந்திருக்கிறது. இழுவைக் குறைவுக்கும் காரணம் இங்கேயே அகப்படலாம். டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் ஹோஸில் ஒரு கீறல் விழுந்தால் போதும். அழுத்திய காற்று விசிலடித்துக்கொண்டு வெளியேறும். லோடுடன் ஏற்றம் ஏறும்போது வண்டி கரும்புகை தள்ளும். சில நூறு ரூபாய் கிளாம்பில் தீரும் குறைக்குப் பல ஆயிரம் கொடுத்துக் கூம்பு ஃபில்டர் மாட்டுகிறவர்கள் உண்டு.

பானெட்டுக்கு மேலே எழும்பி நின்று காற்றை உறிஞ்சும் ஸ்நார்க்கல் குழாயைப் பற்றியும் கேட்பார்கள். மழைக்காலத்தில் வயலும் சாலையும் ஒன்றாகிவிடும் நாஞ்சில் நாட்டில் அதற்குப் பயன் உண்டு. சிலிண்டருக்குள் தண்ணீர் போனால் அமுங்காது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். உயரத்தில் தூசியும் குறைவு. ஆனால் கீழே உள்ள பெட்டியும் இணைப்புகளும் தண்ணீர் புகாதபடி இல்லையென்றால் ஸ்நார்க்கல் வெறும் அலங்காரம்.

இனிப் புகைப்பக்கம். சைலன்சருக்குள் அறைகளும் துளையிட்ட குழாய்களும் இருக்கின்றன. ஒலி அலைகள் அவற்றில் மோதித் திரும்பி ஒன்றையொன்று அடக்கிவிடும். அதற்கு விலையாகப் புகைக்குக் கொஞ்சம் எதிர்அழுத்தம் உண்டாகும். ‘எஞ்சினுக்கு எதிர்அழுத்தம் தேவை’ என்று பட்டறைகளில் சொல்வார்கள். அது முழு உண்மை இல்லை. டர்போ இல்லாத எஞ்சினுக்கு வேண்டியது குழாயில் புகையின் வேகம். ஒரு சிலிண்டரின் புகை வேகமாகப் போனால் அடுத்ததன் புகையை இழுத்துக்கொண்டு போகும். குழாயை அளவுக்கு மீறி அகலமாக்கினால் அந்த வேகம் குறைந்து, லோடு வண்டிக்கு அவசியமான கீழ்ச்சுற்று இழுவை போய்விடும். டர்போ வண்டியில் டர்பைனுக்குப் பிறகு வரும் தடை குறைந்தால் ஓரளவு நன்மை உண்டு. ஆனால் எஞ்சின் கம்ப்யூட்டரில் கம்பெனி வைத்த கணக்கு மாறாதவரை அது ஓட்டுகிறவருக்குத் தெரியும் அளவு இருக்காது.

2020 ஏப்ரல் 1 முதல் வந்த பி.எஸ்.6 டீசல் வண்டிகளில் சைலன்சர் என்பது வெறும் சத்த அடக்கி இல்லை. புகைக்கரியைப் பிடித்து வைத்து, சுமார் 600 டிகிரியில் எரித்துவிடும் வடிகட்டியும் அந்த வரிசையில் இருக்கிறது. சந்தைக்கும் கடைக்குமாகக் குறுந்தூரமே ஓடும் வண்டியில் அந்தச் சூடு வராமல் கரி அடைத்துக்கொள்ளும், எச்சரிக்கை விளக்கு எரியும். அதற்காக வடிகட்டியையே வெட்டி எடுத்துவிடுகிறார்கள் சிலர். அந்தக் கரியை அதிகாலையில் முதலில் சுவாசிக்கிறவர்கள் சந்தையில் உட்கார்ந்து மாலை கட்டுகிற பெண்கள். விளக்கு எரிந்தால் நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் சீரான வேகத்தில் ஓட்டினால் பெரும்பாலும் அது தானாகச் சுத்தமாகிவிடும்.

சட்டமும் தெளிவாக இருக்கிறது. கம்பெனி வடிவமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவை வைத்து உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம். சத்தம், புகை விதிகளை மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதம் தனி.

பணம் செலவழிக்க மனமிருந்தால் இந்த வரிசையில் செலவழியுங்கள்: கம்பெனி ஃபில்டர், வெடித்த ஹோஸ், தளர்ந்த கிளாம்ப், மேனிஃபோல்டின் புகை ஒழுகும் கேஸ்கெட், துருப்பிடித்த சைலன்சருக்குப் பதில் அதே அளவுப் புதியது. ஓணத்துக்கு வண்டிகள் இரவும் பகலும் ஓடும். அந்த நெருக்கடி வருமுன், ஆடி முடிவதற்குள் இவற்றைப் பார்த்து முடித்துவிடுங்கள்.