மோதிரமும் தகடும்

ஒரே நூலின் நான்கு படிகளை ஒருவர் விலை கொடுத்து வாங்கி அலமாரியில் அடுக்கி வைத்தால், அவருடைய நிதானத்தைப் பற்றி நாம் ஐயுறுவோம். ஆனால் திரைப்படத் தகடுகளைச் சேகரிப்போரின் உலகில் இது வியப்பன்று. ஒரே படத்தை டி.வி.டி.யாக ஒருமுறை, நீண்ட வடிவில் இன்னொருமுறை, புளூ-ரே தகடாக மறுமுறை, 4கே தகடாக மீண்டும் ஒருமுறை வாங்குகின்றனர். வாங்கிய பின்னரும் ஓய்வதில்லை. இவற்றுள் எது மெய்யான படம் என்று தம்முள் ஓயாது வழக்காடுகின்றனர். செல்வம் மிகுந்தோரின் பொழுதுபோக்கு இது என்று ஒதுக்கிவிட முதலில் நமக்கும் தோன்றியதுண்டு. சற்று அருகில் சென்று கேட்டபோதோ, அவ்வழக்கில் பொருள் இருப்பதைக் கண்டோம்.

வழக்கின் நடுவே நிற்பது 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' என்னும் முப்படத் தொகுதி. இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் டோல்கீன் எழுதி, 1954, 1955 ஆம் ஆண்டுகளில் மூன்று பகுதிகளாக வெளிவந்த பெருங்கதை அது. டோல்கீன் ஆழ்ந்த கத்தோலிக்கர். தம் நூல் அடிப்படையில் சமயம் சார்ந்த, கத்தோலிக்கப் படைப்பே என்று 1953-ல் இயேசு சபை நண்பர் ஒருவருக்குக் கடிதம் எழுதியவர். அக்கதையை நியூசிலாந்து இயக்குநர் பீட்டர் ஜாக்சன் படமாக்கி, 2001 முதல் 2003 முடிய ஆண்டுக்கொரு பாகமாக வெளியிட்டார். மூன்றாம் பாகம், தான் முன்மொழியப்பட்ட 11 ஆஸ்கர் விருதுகளையும் ஒன்று விடாமல் வென்றது.

திரையரங்கில் முதற்பாகம் ஓடிய நேரம் 178 நிமிடம். 2002 நவம்பரில் அதன் விரிவாக்கப் பதிப்பு நான்கு டி.வி.டி.களாக வந்தபோது, படம் 208 நிமிடமாக வளர்ந்திருந்தது. இரண்டாம் பாகத்தில் 40 நிமிடத்திற்கு மேலாகவும், மூன்றாம் பாகத்தில் ஏறத்தாழ 50 நிமிடமும் கூடின. மூன்றையும் சேர்த்தால் பதினொரு மணி நேரத்தைத் தாண்டும். புதிய காட்சிகளுக்கென்று இசையமைப்பாளர் ஹோவர்டு ஷோர் புதிதாக இசை அமைத்துக் கொடுத்தார். ஒவ்வொரு படமும் இரண்டு தகடுகளில் பகுக்கப்பட்டிருந்ததால், நடுவில் எழுந்து தகட்டை மாற்ற வேண்டும். இடைவேளையின்றிப் படம் பார்த்துப் பழகிய மேனாட்டார்க்கு அது புதுமை; நமக்கன்று! இறுதிப் பெயர்ப்பட்டியலில் ரசிகர் மன்ற உறுப்பினர்களின் பெயர்களும் ஏறின. அவை ஓடி முடிய, முதற்பாகத்தில் மட்டும் சுமார் 20 நிமிடம் ஆகும். ரசிகர் மன்றத்தாரின் ஆர்வம் எந்நாட்டிலும் ஒன்றே போலும்.

நீளம் கூடினால் படம் சிறந்துவிடுமா? இதுவே முதல் வழக்கு.

கூடாது என்போர் கூற்றிலும் நியாயம் உண்டு. படத்தொகுப்பாளரின் கத்தரிக்கோல் பகையன்று. கதையின் ஓட்டத்தைக் காப்பது அதுவே. திரையரங்கில் வந்த வடிவமே தம் முடிந்த முடிபென்றும், நீண்ட வடிவம் இன்னும் காண விழையும் ரசிகர்களுக்கானதென்றும் ஜாக்சனே சொல்லியிருக்கிறார். ஆக்கியவரே சொன்னபின் வழக்கேது என்று கேட்கலாம். ஆயினும் சில காட்சிகள் அந்தத் தீர்ப்பை ஏற்க மறுக்கின்றன.

இரண்டாம் பாகத்தில் ஃபாரமிர் என்னும் படைத்தலைவன், தன்னிடம் அகப்பட்ட ஃப்ரோடோவையும் அவன் சுமந்து செல்லும் மோதிரத்தையும் தன் நாட்டுக்குக் கொண்டுசெல்லத் துணிகிறான். திரையரங்கில் கண்டவர்க்கு அவன் இரக்கமற்றவனாகவே தோன்றினான். விரிவாக்கப் பதிப்பில் அவனுடைய நினைவாக ஒரு காட்சி விரிகிறது. பகைவரிடமிருந்து மீட்ட நகரில் அவனும் அவன் அண்ணன் பொரோமிரும் தழுவி மகிழ்ந்து நிற்கின்றனர். அங்கே வருகிறார் தந்தை. மூத்தவனை வாயாரப் புகழ்கிறார். இளையவனைக் கண்ணெதிரே குறை சொல்கிறார். மோதிரத்தைத் தம்மிடம் கொண்டுவருமாறு மூத்தவனை அனுப்ப முற்படுகிறார். அவனோ தயங்குகிறான். 'நான் போகிறேன்' என்று இளையவன் முன்வர, தந்தை அவனை மதிப்பதே இல்லை. வேறு வழியின்றி மூத்தவன் புறப்பட்டுப் போகிறான். அவன் உயிரோடு திரும்பவில்லை என்பதை முதற்பாகத்திலேயே நாம் கண்டிருக்கிறோம். சில நிமிடங்களே நீளும் இக்காட்சியைக் கண்டபின், ஃபாரமிரை நம்மால் வெறுக்க இயலவில்லை. தந்தையின் ஒரு நல்ல சொல்லுக்காக ஏங்கும் மகனாகவே அவன் தெரிகிறான். பிள்ளைகளை ஒப்பிட்டுப் பேசும் வீடுகள் நம்மிடையே குறைவா என்ன? இக்காட்சியை நீக்கியதால் கதை விரைந்தது உண்மை. ஆனால் ஒரு மனிதன் குறைந்து போனான்.

முதற்பாகத்திலும் இத்தகைய இழப்பு உண்டு. கானகத்து அரசி கலாட்ரியேல், பயணம் புறப்படுவோர் ஒவ்வொருவர்க்கும் பரிசளிக்கிறாள். திரையரங்கில் ஃப்ரோடோ பெற்ற ஒளிக்குப்பியை மட்டுமே கண்டோம். நீண்ட வடிவில் சாம் என்னும் தோட்டக்காரனுக்குக் கயிறு கிடைக்கிறது. முரட்டுக் குள்ளன் கிம்லி அவளுடைய தலைமுடியில் ஒன்றே ஒன்று கேட்டான் என்றும், அவள் மூன்று கொடுத்தாள் என்றும் அறிகிறோம். இவை கதையை ஓர் அடியும் நகர்த்துவதில்லை. ஆயினும் வீட்டில் அமர்ந்து ஆறுதலாகப் பார்ப்பவர்க்கு இவையே இனிப்பவை. அதற்காக, சேர்த்த எல்லாமே நன்று என்று நாம் வாதிட மாட்டோம். மூன்றாம் பாகத்தில் நுழைத்த சில வேடிக்கைகள் இல்லாமலே படம் நன்றாயிருந்தது.

வெட்டுண்டது காட்சி மட்டுமன்று, சில வேளை மனமும் கூட. தீய மந்திரவாதி சாருமானாக நடித்த கிறிஸ்டோபர் லீ, டோல்கீனை நேரில் சந்தித்தவர். அவருடைய நூலை ஆண்டுதோறும் படித்தவர். 2003-ல் மூன்றாம் பாகம் திரைக்கு வந்தபோது சாருமானின் முடிவுக் காட்சி முழுதும் நீக்கப்பட்டிருந்தது. மனம் நொந்த அம்முதியவர் படத்தின் முதற்காட்சி விழாவுக்குச் செல்லவில்லை. அடுத்த ஆண்டு வந்த விரிவாக்கப் பதிப்பில்தான் அக்காட்சி மீண்டும் இடம்பெற்றது.

இரண்டாவது வழக்கு வணிகம் பற்றியது. இதில் நமக்குச் சேகரிப்பாளர் பக்கமே இரக்கம். 2006-ல் இரு வடிவங்களும் ஒரே பெட்டியில் டி.வி.டி.யாக வந்தன. 2010 ஏப்ரலில் புளூ-ரே வந்தபோதோ, திரையரங்க வடிவம் மட்டுமே வந்தது. நீண்ட வடிவம் பின்னர் வரும் என்பது எல்லோரும் அறிந்ததே. ஒரே பொருளை இருமுறை விற்கும் சூழ்ச்சி இதுவெனச் சேகரிப்பாளர்கள் சினந்தனர். 2011 ஜூனில் 15 தகடுகள் கொண்ட பெட்டி வந்தது. அத்துடன் சண்டை ஓயும் என்று எண்ணியவர்கள் ஏமாந்தனர். முதற்பாகம் முழுவதிலும் ஒரு பச்சைச் சாயல் படிந்திருந்தது! மலைமேல் பெய்த பனியும் தூய வெண்மையாக இல்லை. இது பிழையன்று, இயக்குநரும் ஒளிப்பதிவாளரும் விரும்பிய வண்ணமே என்று விடை வந்தது. அவ்வொளிப்பதிவாளர் ஆண்ட்ரூ லெஸ்னி. அந்தப் படத்திற்கே ஆஸ்கர் பெற்றவர். அவர் 2015-ல் காலமானார். ஜாக்சன் மேற்பார்வையில் 2020 இறுதியில் 4கே தகடுகள் வந்தபோது பச்சை அகன்றிருந்தது. இம்முறை, படச்சுருளின் இயல்பான மணல் தன்மையைத் துடைத்து முகங்களை மெழுகாக்கி விட்டனர் என்று புதிய முறையீடு எழுந்தது. லெஸ்னியைக் கேட்க அவர் இல்லை.

இவ்வளவு நுணுகி வழக்காடுவது எதற்காக? விடை வேறொரு முப்படத் தொகுதியில் இருக்கிறது. ஜார்ஜ் லூக்காஸ் 1977-ல் தொடங்கிய 'ஸ்டார் வார்ஸ்' படங்களை, 1997-ல் புதிய காட்சிகளும் கணினி உருவங்களும் சேர்த்துத் திருத்தினார். அதன்பின் பழைய வடிவத்தைப் பின்னுக்குத் தள்ளினார். 2006-ல் அது டி.வி.டி.யில் இணைப்பாக வந்ததும், 1993-ஆம் ஆண்டு லேசர் தகட்டிற்கென ஆயத்தம் செய்த பழைய பதிவிலிருந்தே எடுத்தது. 2011-ன் புளூ-ரே தகடுகளில் திருத்திய வடிவம் மட்டுமே இருந்தது. மக்கள் இளமையில் கண்டு மகிழ்ந்த படத்தை, அதை ஆக்கியவரே அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டார். அந்த அச்சமே சேகரிப்பாளரின் பிடிவாதத்திற்கு வேர். ஜாக்சனைக் குறை கூறுவோரும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: அவர் இரண்டு வடிவங்களையும் மறைக்காமல் வைத்திருக்கிறார். 2020-ன் பெட்டியில் இரண்டும் உள்ளன.

திருத்தும் ஆசை டோல்கீனையும் விட்டுவைக்கவில்லை என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். 1937-ல் வந்த அவருடைய 'தி ஹாபிட்' கதையில், விடுகதைப் போட்டியில் தோற்ற கோலம், மோதிரத்தையே பரிசாகத் தர ஒப்புக்கொண்டவன். பண்போடு வழியும் காட்டி அனுப்புவான். பின்னர் எழுதிய பெருங்கதைக்கு அது பொருந்தாமையால், 1951-ஆம் ஆண்டுப் பதிப்பில் அவ்வத்தியாயத்தை மாற்றி, கோலத்தைச் சினமும் வஞ்சமும் கொண்டவனாக்கினார். ஆயினும் பழையதை அழித்து விடவில்லை. அது கதைத்தலைவன் பில்போ முதலில் சொன்ன பொய்க் கணக்கு என்று கதைக்குள்ளேயே இடம் தேடிக் கொடுத்தார்!

இன்னொன்று. 4கே பெட்டியில் படங்கள் உண்டே தவிர, அவை உருவான வரலாற்றைக் கூறும் பதிவுகள் இல்லை. 2002 முதல் வந்த டி.வி.டி.களில் அவை மணிக்கணக்காக உண்டு. வெலிங்டன் நகரின் பட்டறையில் பிளாஸ்டிக் குழாயை வளையங்களாக நறுக்கி, ஒன்றோடொன்று கையால் கோத்துப் போர்க்கவசம் செய்த தொழிலாளரை அவற்றில்தான் காணலாம். ஆகவே மிகத் தெளிவான புதிய தகட்டை வாங்கியவரும், பழைய தோல்கட்டு நூல் போன்ற அந்த முதற்பெட்டிகளை விற்க மனமின்றி வைத்திருக்கின்றனர்.