மத்தி வரும் மாதம்

ஆப்பிரிக்கக் கரையோரம் – 9

அல்கோவா குடாவின் பறவைத் தீவில் கேப் கன்னட் பறவைகளைச் சென்ற வாரம் பார்த்தோம். உலகத்திலேயே பெரிய கேப் கன்னட் குடியிருப்பு அது. மே மாதம் முடியும் தறுவாயில் அவற்றில் ஏராளமானவை வடகிழக்கே கிளம்பிவிடும். அவற்றின் பின்னாலேயே கரையோரமாகப் போனால், ஊர் அதிகம் இல்லாத வைல்ட் கோஸ்ட் பாறைக் கரையைத் தாண்டி, க்வாஸூலு-நடால் மாகாணத்தின் தென்கரைக்கு வந்து சேரலாம். கரும்புக் காடு, வாழை, ஈரக்காற்று, வெதுவெதுப்பான கடல். ஜூன், ஜூலைதான் இங்கே குளிர்காலம். ஆனாலும் பகலில் ஒரு மெல்லிய சட்டையே போதும்.

அந்த மாதங்களில் போர்ட் எட்வர்டிலிருந்து டர்பன் வரை, தூண்டில் கடையிலும் பெட்ரோல் பங்கிலும் மீன் சந்தையிலும் எல்லோருக்கும் ஒரே பேச்சுதான்: மத்தி எங்கே வந்திருக்கிறது? சார்டின் என்று அவர்கள் சொல்லும் இந்த மீன் நம் கடலின் மத்திக்குச் சொந்தக்கார இனம். ஒரு சாண் நீளம், வெள்ளி வயிறு, நீலம் பாரித்த முதுகு. அதன் நிரந்தர வீடு இந்தக் கரையே அல்ல. தெற்கிலும் மேற்கிலும் உள்ள குளிர்ந்த கடல்தான் அதற்குச் சொந்த ஊர். ஆண்டுக்கு ஒருமுறை அந்தப் பெருங்கூட்டத்தில் ஒரு சிறு பங்கு மட்டும் பிரிந்து வடக்கே வருகிறது. அந்தச் சிறு பங்கே கிலோமீட்டர் கணக்கில் நீளும் மந்தைகளாகக் கடலைக் கறுக்க வைக்கும்.

இந்தப் பயணத்தில் மத்திக்கு எதிராக எல்லாமே இருக்கிறது. கிழக்குக் கரையை ஒட்டி வடக்கிலிருந்து தெற்கே பாய்வது அகுல்யாஸ் நீரோட்டம். உலகின் வலுவான நீரோட்டங்களில் ஒன்று, வெப்ப மண்டலத்துச் சூட்டைச் சுமந்து வருவது. மத்திக்கோ 20, 21 டிகிரிக்கு மேல் சூடு ஆகாது. குளிர்காலத்தில் மட்டும் அந்த நீரோட்டத்துக்கும் கரைக்கும் நடுவே குளிர்ந்த நீர் ஒரு ஒடுங்கிய பட்டையாக வடக்கே நீளும். அந்தப் பட்டைக்குள்தான் மத்தி நீந்தியாக வேண்டும். கடல் பக்கம் விலகினால் சூடு, மறுபக்கம் விலகினால் அலை உடையும் கரை. வைல்ட் கோஸ்டில் கடலடித் திட்டு குறுகலாக இருப்பதால் பட்டை இன்னும் இறுகும். கோடிக்கணக்கான மீன்கள் கரைக்கு வெகு அருகே நெருக்கியடித்துக்கொண்டு வர வேண்டியதாகிவிடும். வேட்டையாடும் உயிர்கள் காத்திருப்பதும் அங்கேதான்.

எதற்காக இவ்வளவு பாடுபட்டு வருகின்றன? நெடுநாள் வரை முட்டையிட வருகின்றன, இரை தேடி வருகின்றன என்றெல்லாம் விளக்கம் சொன்னார்கள். 2021-இல் வெளிவந்த மரபணு ஆய்வு ஒன்று வேறு கதை சொன்னது. தென்னாப்பிரிக்க மத்தியில் இரண்டு வகையறா உண்டு. ஒன்று அட்லாண்டிக் பக்கத்துக் குளிர்நீருக்குப் பழகியது, மற்றது இந்தியப் பெருங்கடல் பக்கத்தில் சற்றே சூடான நீரைத் தாங்கக் கூடியது. வடக்கே ஓடுவது சூட்டுக்குப் பழகிய இரண்டாவது வகைதான் என்றுதானே நினைப்போம்? இல்லை. ஓடுவது பெரும்பாலும் குளிருக்குப் பிறந்த அட்லாண்டிக் வகை. தென்கிழக்குக் கரையில் அடியாழத்துக் குளிர்நீர் கொஞ்ச நாள் மேலெழும்போது, தன் வீட்டுக் கடல் இதுதான் என்று நம்பிக் கிளம்புகிறது. மேலெழுந்த நீர் அடங்கிவிட்ட பிறகு, தனக்கு ஒவ்வாத கடலில் மாட்டிக்கொள்கிறது. பனியுகத்தில் இந்தக் கடல் குளிர்ந்திருந்த காலத்தில் இங்கே முட்டையிட்ட மூதாதைகளின் வழக்கம் இன்னும் ரத்தத்தில் மிச்சம் இருக்கலாம் என்பது அந்த ஆய்வாளர்களின் ஊகம். உலகமே கேமராவோடு ஓடிவந்து கொண்டாடும் இந்த ஓட்டம், ஓடும் மீனுக்கு ஒரு நன்மையும் தராத பொறி. இதைப் படித்த பிறகு என்னால் அந்த மந்தைகளைப் பழைய கண்ணோடு பார்க்க முடியவில்லை.

கடலுக்குள் இறங்கிப் பார்க்க விரும்புகிறவர்கள் வைல்ட் கோஸ்டின் போர்ட் செயின்ட் ஜான்ஸுக்குப் போகிறார்கள். உம்ஸிம்வுபு ஆற்று முகத்துவாரத்திலிருந்து காற்றடைத்த ரப்பர் படகில் கிளம்ப வேண்டும். முகத்துவாரத்தில் அலை சுவராக எழும். படகோட்டி அங்கே நின்று அலைகளை எண்ணுவார். ஒரு வரிசை அலை போய் அடுத்த வரிசை வருவதற்குள் இருக்கும் இடைவெளியில் எஞ்சினை முழு வேகத்தில் முடுக்குவார். பயணிகள் காலைப் பட்டைக்குள் செருகிக்கொண்டு கயிற்றைப் பிடித்திருக்க வேண்டும். வெளிக்கடல் சேர்ந்ததும் எல்லோர் கண்ணும் வானத்தில்தான். சிறு விமானம் வைத்து மேலிருந்து தேடுகிறவர்களும் உண்டு. ஆனால் கன்னட்டை விட நல்ல ஒற்றன் யாரும் கிடையாது. அவை தாழ்வாக நேர்கோட்டில் பறந்தால் இன்னும் தேடுகின்றன என்று பொருள். வட்டமிட்டு உயர்ந்தால் கீழே மீன் இருக்கிறது.

கீழே வேலையைத் தொடங்கி வைப்பவை டால்பின்கள். நீள மூக்குள்ள சாதாரண டால்பின்கள் நூற்றுக்கணக்கில் சேர்ந்து, பெரிய மந்தையிலிருந்து ஒரு துண்டை வெட்டிப் பிரிக்கும். அதைச் சுற்றி வளைத்து, குமிழி விட்டு மிரட்டி, மேல்நோக்கி நெருக்கும். மேலே நீர்ப்பரப்பு கூரையாகத் தடுத்துவிட, மத்திகள் ஒன்றன் பின்னால் ஒன்று ஒளிய முயன்று உருண்டையாகத் திரளும். ஒரு மீன் திரும்பினால் உருண்டை முழுக்கத் திரும்பும். ஒரு கணம் கறுப்பாகவும் மறு கணம் கண்கூசும் வெள்ளியாகவும் தெரியும்.

அப்போது மேலிருந்து கன்னட் விழும். முப்பது மீட்டர் உயரம் வரை ஏறி, இறக்கையைப் பின்னால் மடித்து, அம்பாக நீரைத் துளைக்கும். அந்த அடியைத் தாங்க முகத்திலும் மார்பிலும் தோலுக்கடியில் காற்றுப் பைகள் உண்டு. வெளியே திறக்கும் மூக்குத்துளை கிடையாது. தண்ணீருக்குள் நின்று பார்ப்பவருக்கு முதலில் சத்தம்தான் வரும். டப், டப் என்று தலைக்கு மேல் இடைவிடாத வெடிப்பு. ஒவ்வொரு வெடிப்புக்கும் ஒரு வெள்ளைக் குமிழித் தடம் கீழே இறங்கும். தடத்தின் நுனியில் பறவை இறக்கையை அடித்து இன்னும் ஆழம் போய், மீனை விழுங்கிவிட்டே மேலேறும். பக்கவாட்டில் செம்புச் சுறாக்கள் அவசரமே இல்லாமல் வாயைத் திறந்தபடி உருண்டைக்குள் புகுந்து மறுபக்கம் வெளியேறும். இதற்கெல்லாம் நடுவே அடியிலிருந்து புரூடஸ் திமிங்கிலம் ஒன்று செங்குத்தாக எழும்பி வந்தால் உருண்டையில் பாதி ஒரே வாயில் காலி. அதனால்தான் முக்குளிப்பவர்கள் எப்போதும் உருண்டையின் ஓரத்திலேயே இருக்க வேண்டும் என்று வழிகாட்டிகள் கறாராகச் சொல்கிறார்கள். 2019-இல் போர்ட் எலிசபெத் கடலில் இப்படியொரு மீன் திரளை எடுத்த திமிங்கிலத்தின் வாய்க்குள் ஒரு முக்குளிப்பாளரே போய்விட்டார். திமிங்கிலம் உடனே விட்டுவிட்டதால் பிழைத்தார். எல்லாம் பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடிந்துபோகும். மிஞ்சுவது செதில்கள். மினுங்கிக்கொண்டு மெல்ல இறங்கிக்கொண்டே இருக்கும்.

அதே சமயம் அண்டார்டிக்கிலிருந்து மொசாம்பிக் பக்கம் குட்டி ஈனப் போகும் கூன்முதுகுத் திமிங்கிலங்களும் இதே கடலைக் கடக்கின்றன. அவற்றுக்கு மத்தி மீன் மேல் அக்கறை இல்லை, வழி மட்டும் ஒன்று. டர்பனின் பிளஃப் முனையில் 1975 வரை திமிங்கிலம் அறுக்கும் நிலையம் இயங்கியது. இன்று அந்த முனைக்கு எதிரே துள்ளும் திமிங்கிலத்தைக் கரையில் நின்றே பார்க்கலாம். மனிதர் கையை எடுத்தால் கடல் மீளும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

வைல்ட் கோஸ்டில் நடப்பது விலங்குகளின் வேட்டை. ஸ்காட்பர்க், பார்க் ரைனி, அமான்ஸிம்டோட்டி போன்ற ஊர்களின் மணற்கரையில் நடப்பது மனிதர்களின் திருவிழா. மேட்டில் நிற்கிறவர் கடலில் நகரும் கருநிழலைக் கண்டு சொல்ல, படகு அலையை உடைத்துக்கொண்டு போகும். வலையின் ஒரு முனைக் கயிறு கரையில் இருக்கும். படகு மந்தையைச் சுற்றி அரைவட்டமாக வலையை இறக்கிவிட்டு, மறுமுனைக் கயிற்றோடு கரைக்குத் திரும்பும். பிறகு இரண்டு பக்கமும் ஆட்கள் வரிசையாய் நின்று இழுப்பார்கள். சோழமண்டலக் கரையில் கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இதில் ஒரு அசைவும் புதிதாக இராது. மடி ஆழம் குறைந்த நீருக்கு வந்ததும் கரையே கடலுக்குள் இறங்கிவிடும். வாளி, பை, சட்டை, பாவாடை மடி எதுவானாலும் சரி. வேலைக்குப் போகிற உடுப்போடு இடுப்பளவு தண்ணீரில் நின்று மீன் அள்ளுவார்கள். நாளின் முதல் கூடைக்கு யானை விலை. வலைகள் அடுத்தடுத்து ஏற ஏற விலை சரிந்துகொண்டே போகும்.

இந்தக் கரைவலைத் தொழிலில் தமிழ், தெலுங்கு வம்சாவளிக் குடும்பங்கள் ஊறியிருப்பது தற்செயல் அல்ல. 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளோடு டர்பனில் வந்து நின்றது. கரும்புக் காட்டில் ஒப்பந்தம் முடிந்தவர்களில் கடல் தெரிந்த சிலர் மறுபடி கடலுக்கே வந்தார்கள். டர்பன் துறைமுகத்துக்குள் இருந்த சாலிஸ்பரி தீவில் குடியேறி மீன் பிடித்தார்கள், கருவாடு போட்டார்கள். 1917 அக்டோபரில் உம்கேனி ஆறு பெருக்கெடுத்து ஆற்றோரத் தோட்டக் குடிசைகளை வாரிக்கொண்டு போனபோது, ‘படவட்டன் ஆறுவர்’ என்று இன்றும் நினைக்கப்படும் இந்திய மீனவர்கள் ஆறு பேர் தங்கள் படகை அந்த வெள்ளத்தில் இறக்கி 170-க்கும் மேற்பட்டவர்களைக் கரை சேர்த்தார்கள். அப்படிப்பட்ட மக்களைத்தான் இரண்டாம் உலகப் போரில் கடற்படைத் தளத்துக்காகத் தீவை விட்டு எழுப்பினார்கள். பிறகு இனவாரிக் குடியிருப்புச் சட்டம் அவர்களைக் கடல் கண்ணில் படாத சாட்ஸ்வொர்த்துக்குத் துரத்தியது. காலி செய்யப்பட்ட அதே தீவில் 1961-இல் இந்தியருக்கென்று தனியாக ஒரு பல்கலைக்கழகக் கல்லூரி திறந்தார்கள்.

கடற்கரையும் நிறத்தால் பிரிக்கப்பட்டிருந்தது. டர்பனின் கரைகள் எல்லோருக்கும் திறந்தது 1989-இல்தான். இன்று ஒரே வலையைச் சுற்றி ஸூலு மூதாட்டியும் வெள்ளைக்காரச் சிறுவனும் தமிழ்க் கிழவரும் முட்டிமோதிக்கொண்டு மீன் அள்ளுவதை, அந்த ஆண்டை மனத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். அன்று மாலை டர்பன் வீடுகளில் புளியும் கறிவேப்பிலையும் போட்ட மத்திக் குழம்பு கொதிக்கும். மிச்சம் ஆண்டு முழுக்கத் தூண்டில் இரையாக உறைபெட்டிக்குள் போகும்.

மத்தி வந்தால் கரையோரச் சுறா வலைகள் மேலே எடுக்கப்படும். இந்த வலைகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். டர்பனில் 1952-இல் முதன்முதலாகப் போட்டார்கள். 1957 டிசம்பரில் தென்கரையில் அடுத்தடுத்துச் சுறா தாக்கி உயிர்கள் போனபோது ஊர்கள் கலங்கின. 1964-இல் இதற்கென்றே ஒரு வாரியம் வந்தது. வலை குளிப்பவரைச் சுற்றிய வேலி என்று பலர் எண்ணுகிறார்கள். அது வேலி அல்ல. ஒவ்வொன்றும் 200 மீட்டர் சொச்சம் நீளம், 6 மீட்டர் ஆழம். மேலும் கீழும் பக்கமும் திறந்தே கிடக்கும். சுறாவைப் பிடித்துக் கொன்று எண்ணிக்கையைக் குறைப்பதே அதன் வேலை. ஆபத்தில்லாத சுறாவும் டால்பினும் ஆமையும் திருக்கையும் கூடவே சாகின்றன. மத்திக் காலத்தில் போட்டு வைத்தால் வேட்டைக்கு வரும் உயிர்கள் கூட்டமாய்ச் சிக்கிவிடும் என்பதால்தான் எடுக்கிறார்கள், குளிக்கவும் தடை விதிக்கிறார்கள். சில இடங்களில் வலைக்குப் பதிலாக இரை மாட்டிய மிதவைக் கொக்கிகள் வந்திருப்பதால் டால்பின், ஆமைச் சாவு குறைகிறது. ஊர் பிழைப்பது குளிக்க வருபவர்களால்தான் என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் மத்திக்காகச் சில வாரம் குளிக்காமல் இருக்க ஒப்புக்கொள்ளும் கரை, மற்ற மாதங்களிலும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம்.

சில ஆண்டுகளில் மத்தி வருவதே இல்லை. எப்போது வந்தது என்பதற்கு நாளிதழ்களைப் போல நல்ல சாட்சி வேறு கிடையாது. கரைக்கு மத்தி வந்த நாள் அங்கே எப்போதும் செய்தி. அப்படிப்பட்ட பழைய செய்திகளைத் தோண்டி எடுத்து, 1946 முதல் 2012 வரை வந்து சேர்ந்த தேதிகளை ஆய்வாளர்கள் வரிசைப்படுத்தினார்கள். பத்தாண்டுக்கு ஒரு நாளுக்குச் சற்று மேலாக வருகை தள்ளிப்போகிறது என்று தெரிந்தது. கடலின் 21 டிகிரி எல்லைக்கோடு தெற்கே நகர்வதோடு அதைப் பொருத்திக் காட்டினார்கள். ஒரு நாள் பெரிதா என்று தோன்றலாம். குளிர்ப்பட்டை நீளும் காலமே சில வாரங்கள்தான். தொடக்கம் பிந்தினால் முடிவும் பிந்தும் என்று கடல் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை.

இன்னொரு கணக்கு இந்தக் கரையில் இல்லை, மேற்கே இருக்கிறது. தென்னாப்பிரிக்க மத்தி வளம் 2000-களின் தொடக்கத்தில் உச்சத்தைத் தொட்டு, சில ஆண்டுகளிலேயே சரிந்தது. கேப் பக்கத்தில் சுருக்குவலைக் கப்பல்கள் தகரடப்பா ஆலைகளுக்காக அள்ளுவதோடு ஒப்பிட்டால் நடால் கரைவலைக்காரர்கள் எடுப்பது சொற்பம். வாளியோடு ஓடிவரும் கூட்டத்தைக் காட்டி மீன் அழிகிறது என்று பேசுகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. மேற்கே எவ்வளவு பிடிக்கலாம் என்று ஆண்டுதோறும் முடிவெடுக்கும் மேசையில்தான் கன்னட்டின் இரையும், ஸ்காட்பர்க் கரையின் ஜூன் மாதமும், சாட்ஸ்வொர்த் அடுப்பில் ஏறும் குழம்பும் சேர்ந்தே தீர்மானமாகின்றன. நடால் கரைவலைக் குடும்பங்களின் குரலும் அங்கே ஒலிக்க வேண்டும்.

அடுத்த வாரம்: மொசாம்பிக் எல்லையை ஒட்டிய கோசி குடாவில், தோங்கா மக்கள் ஏரி நீரில் கட்டி வைத்திருக்கும் மீன்வேலிகள்.