வேலை கிடைத்துவிட்டது... யாரிடம்?



கல்லூரித் தேர்வு முடிவுகள் வந்ததும் நம் பங்கு அலுவலகத்தின் முன் இளையோர் வந்து நிற்பார்கள். ஒருவருக்கு நன்னடத்தைக் கடிதம் வேண்டும். இன்னொருவர், "ஃபாதர், சிப்காட்டுல யாரையாவது தெரியுமா?" என்று கேட்பார். கும்மிடிப்பூண்டியின் புகைபோக்கிகளைப் பார்த்தே வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். பலர் தங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் தலைமுறையினர். காலை மின்சார ரயிலில் நின்றுகொண்டே பயணம் செய்து பட்டம் வாங்கியவர்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிறு திருப்பலியின் முடிவில் நாமே ஓர் அறிவிப்பை வாசித்தோம். எந்தப் பட்டமானாலும் போதும், முன்னனுபவம் தேவையில்லை, மாதம் 18 ஆயிரம் ரூபாய், உணவும் தங்குமிடமும் இலவசம் என்றிருந்தது. துண்டுச்சீட்டைக் கொண்டுவந்தவர் நம் அன்பியப் பொறுப்பாளர் ஒருவரின் உறவினர். சீட்டின் தலைப்பில் ஊரறிந்த ஒரு தொழிற்சாலையின் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. அடியில் சிறிய எழுத்தில் வேறொரு பெயரும் இருந்தது. அதை நாம் கவனிக்கவில்லை.

14 பேர் போனார்கள். பதிவுக் கட்டணம் 1,500 ரூபாய். சீருடைக்கும் மருத்துவப் பரிசோதனைக்கும் தனியாகப் பணம். அசல் சான்றிதழ்களைச் சரிபார்க்க வேண்டும் என்று வாங்கி வைத்துக்கொண்டார்கள். வேதியியல் படித்த ஒரு பெண்ணுக்குத் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை என்றார்கள். புட்டிகளில் லேபிள் கோணாமல் ஒட்டியிருக்கிறதா என்று பன்னிரண்டு மணி நேரம் நின்று பார்ப்பதுதான் அந்தத் தரக் கட்டுப்பாடு. முதல் மாதம் கைக்கு வந்தது 9 ஆயிரத்துச் சொச்சம். தொழிற்சாலையில் கேட்டால், "நீங்க எங்க ஆள் இல்லம்மா, கான்ட்ராக்டரைக் கேளுங்க" என்றார்கள். கான்ட்ராக்டரிடம் கேட்டால், "நீங்க ஒர்க்கரே இல்ல, டிரெய்னி" என்றார்.

அந்தப் பெண்ணின் தந்தை நம்மிடம் சண்டைக்கு வரவில்லை. "நீங்க கோயில்ல வாசிச்சீங்க சாமி, அதான் நம்பி அனுப்பினேன்" என்று மட்டும் சொன்னார். வேலை உறுதி என்று நினைத்து அவர் மகனுக்கு மாதத் தவணையில் ஒரு பைக்கும் எடுத்திருந்தார்.

அதன் பிறகுதான் இதைப்பற்றிக் கொஞ்சம் படிக்கத் தொடங்கினோம். ஆலைகளில் மனிதவளப் பிரிவில் பணியாற்றும் நம் பங்கு மக்களிடமும் கேட்டோம். நாம் புரிந்துகொண்ட முதல் செய்தி: இந்த வட்டாரத்தில் நம் பிள்ளைகள் ஏமாறுவது பெரும்பாலும் முழுப் பொய்யால் அல்ல. தொழிற்சாலை உண்மையானது, வேலையும் உண்மையானது, சம்பளமும் ஏதோ ஒன்று வருகிறது. அங்கே சேர்வதற்கு முன் சொன்ன சொல்லும் சேர்ந்த பின் சொல்லும் சொல்லும் மட்டும் வேறாக இருக்கின்றன. அதனால்தான் காவல் நிலையத்தில் புகார் எழுதவும் நம்மவர்களுக்கு வார்த்தை வருவதில்லை.

சம்பளத்தையே எடுத்துக்கொள்வோம். 'சி.டி.சி.' என்ற மூன்று எழுத்தைப் பெற்றோர் பலர் கேள்விப்பட்டதில்லை. ஓர் ஊழியருக்காக நிறுவனம் செலவிடும் மொத்தத் தொகை அது. ஒருவருக்கு மாத ஊதியம் 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதன்மேல் வருங்கால வைப்பு நிதிக்கு நிறுவனத்தின் பங்கு 12 விழுக்காடு, அதாவது 1,800 ரூபாய். இ.எஸ்.ஐ.க்கு 3.25 விழுக்காடு, ஏறக்குறைய 487 ரூபாய். ஆக, அறிவிப்பில் 17,287 ரூபாய் என்று போடலாம். ஊழியரின் பங்காக மேலும் 1,800 ரூபாயும், இ.எஸ்.ஐ.க்கு 0.75 விழுக்காடாக ஏறக்குறைய 112 ரூபாயும் பிடிக்கப்பட்டால் கைக்கு வருவது 13,087 ரூபாய்தான். உணவுக்கும் பேருந்துக்கும் பிடித்தால் இன்னும் குறையும். வைப்பு நிதி வீண்போவதில்லை, அது பிள்ளையின் சேமிப்பு. ஆனால் பிடித்த பணத்தை உண்மையில் கட்டியிருக்க வேண்டும். யு.ஏ.என். என்ற 12 இலக்க எண் இருந்தால் 'உமங்' செயலியில் பாஸ்புக்கைத் திறந்து மாதாமாதம் பார்க்கலாம். எண்ணே தரவில்லை என்றால் சந்தேகப்பட வேண்டியதுதான்.

அடுத்தது இந்த 'டிரெய்னி' என்ற சொல். தொழில் பழகுநர் சட்டம் 1961இல் வந்தது. பொறியியல் பட்டதாரிகளும் டிப்ளமோ படித்தவர்களும் 1973இல் அதில் சேர்க்கப்பட்டார்கள். கலை, அறிவியல் பட்டதாரிகளுக்கு 2014 திருத்தத்தில்தான் வழி திறந்தது. பட்டதாரிப் பழகுநருக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை 9,000 ரூபாய் என்று 2019இல் நிர்ணயித்தார்கள். தேசியப் பழகுநர் பயிற்சித் திட்டத்தில் அந்தக் குறைந்தபட்சத் தொகையில் பாதியை மத்திய அரசு ஏற்கிறது. நம் பகுதிக்கான பொறுப்பு சென்னை தரமணியிலுள்ள தென்மண்டலப் பழகுநர் பயிற்சி வாரியத்துக்கு உரியது.

இந்தச் சட்டத்தின் இரண்டு பிரிவுகளை ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்துகொள்வது நல்லது. பழகுநர் பயிற்சி பெறுபவரே, தொழிலாளி அல்லர் என்கிறது 18ஆம் பிரிவு. பயிற்சி முடிந்ததும் வேலை தரவேண்டிய கடமை, ஒப்பந்தத்தில் தனியே எழுதியிருந்தால் ஒழிய, நிறுவனத்துக்கு இல்லை என்கிறது 22ஆம் பிரிவு. ஓராண்டு முடிந்ததும் வீட்டுக்கு அனுப்புவது சட்டப்படி தவறாகாது. ஆனால் 'ஒரு வருஷத்துல பர்மனென்ட்' என்று சொல்லிச் சேர்த்துவிட்டு இந்தப் பிரிவைக் காட்டுவது நேர்மையா? பெண் பார்க்கும் வீட்டில் "பையன் கம்பெனியில பர்மனென்ட்" என்று சொல்லிவிட்ட குடும்பங்களை நாம் அறிவோம்.

பழகுநர் பயிற்சியை நாம் குறை சொல்லவில்லை. நல்ல ஆலையில் முறையாகப் பெற்ற ஓராண்டுப் பயிற்சியும் அதற்கான அரசுச் சான்றிதழும் ஒரு பட்டதாரிக்குப் பெரிய மூலதனம். அந்த லேபிள் பார்த்த பெண்ணே பின்னர் இணையதளத்தில் பதிவு செய்து அப்படி ஓராண்டு பயின்றார். அங்கே உதவித்தொகை முதல் நாளே சொல்லப்பட்டது, ஒப்பந்தமும் பதிவாகியிருந்தது. பதிவே இல்லாமல் வாய்ப் பேச்சில் டிரெய்னி என்று அழைப்பவர்கள் இந்தச் சட்டத்தின் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது. மேலும், 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் தொழிலாளர் அனைவருக்கும் நியமனக் கடிதம் தருவதைக் கட்டாயமாக்கியுள்ளன. கடிதத்தில் கையொப்பமிட்டிருப்பது யார், தொழிற்சாலையா, ஆள் அனுப்பும் நிறுவனமா என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். ஒப்பந்த வேலை குற்றமல்ல. யாரிடம் வேலை பார்க்கிறோம் என்பதை மறைப்பதுதான் குற்றம்.

'மேனேஜ்மென்ட் டிரெய்னி' என்று அழைத்து, கழுத்தில் டை கட்டவைத்து, வீடு வீடாகப் பொருள் விற்க அனுப்புவதும் உண்டு. முதலில் நீ வாங்கு, பிறகு இரண்டு பேரைச் சேர்த்துவிடு என்று அது வளரும். சேருவதற்கே பணம் வாங்குவதையும் இத்தகைய சங்கிலித் திட்டங்களையும் 2021ஆம் ஆண்டின் நேரடி விற்பனை விதிகள் தடை செய்கின்றன.

முழுப் பொய்யாக வந்து குடும்பங்களையே சாய்த்த நிகழ்வுகளும் உண்டு. 2022 ஜூன், ஜூலை மாதங்களில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 28 இளைஞர்கள் புது டெல்லி ரயில் நிலைய நடைமேடைகளில் நாள்தோறும் எட்டு மணி நேரம் நின்று, வந்துபோகும் ரயில்களையும் பெட்டிகளையும் எண்ணினார்கள். ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகர், எழுத்தர் போன்ற பணிகளுக்கு இதுவே பயிற்சி என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. ஆளுக்கு 2 லட்சம் முதல் 24 லட்சம் வரை, மொத்தம் 2 கோடியே 67 லட்சம் ரூபாய் கொடுத்திருந்தார்கள். பலர் பொறியியலும் தொழிற்கல்வியும் படித்தவர்கள். மருத்துவப் பரிசோதனை நடந்தது, அடையாள அட்டையும் நியமன ஆணையும் கிடைத்தன. அந்த ஆணைகள் அனைத்தும் போலி.

இந்த நிகழ்வில் நம் மனத்தைத் தைத்தது ஒன்று. அந்த இளைஞர்களை மோசடிக்காரர்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்தவர் விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்த முதியவர், முன்னாள் படைவீரர். தமக்கென ஒரு காசும் எதிர்பாராமல் ஊர்ப் பிள்ளைகளுக்கு உதவ நினைத்தவர். உண்மை தெரிந்ததும் காவல்துறையில் புகார் கொடுத்தவரும் அவரே. செய்தியை வாசித்தபோது துண்டுச்சீட்டுடன் பீடத்தருகே நின்ற நம் கைதான் நினைவுக்கு வந்தது.

அதே 2022 செப்டம்பர் 24 அன்று, தாய்லாந்தில் கணினி சார்ந்த விற்பனை வேலை என்று அழைக்கும் நிறுவனங்களை நம்பவேண்டாம் என்று இந்திய வெளியுறவுத் துறை எச்சரித்தது. போனவர்கள் எல்லை தாண்டி மியான்மருக்குக் கொண்டுபோகப்பட்டு, இணையவழியில் பிறரை ஏமாற்றும் வேலையில் அடைத்து வைக்கப்பட்டார்கள். அங்கிருந்து மீட்கப்பட்ட தமிழர் 13 பேர் அக்டோபர் தொடக்கத்தில் சென்னை வந்து சேர்ந்தார்கள்.

தொடக்க நூலில் யாக்கோபின் வரலாறு நமக்குத் தெரிந்ததே. கூலி என்ன என்று லாபானே கேட்கிறார். ராகேலுக்காக ஏழு ஆண்டுகள் என்று பேச்சு முடிகிறது. ஏழாண்டுகளுக்குப் பின் விடிந்து பார்த்தால் லேயா. கேட்டால், மூத்தவள் இருக்க இளையவளைத் தருவது எங்கள் ஊர் வழக்கமில்லை என்கிறார் லாபான். வழக்கத்தை முதல் நாளே சொல்லியிருக்கலாமே! கூலியைப் பத்து முறை மாற்றினார் என்றும் யாக்கோபு பிறகு முறையிடுகிறார். லாபான் முன்பின் தெரியாதவர் அல்லர். யாக்கோபுக்குச் சொந்தத் தாய்மாமன்.

நம் பங்கில் இப்போது வேலை அறிவிப்பை அப்படியே வாசிப்பதில்லை. நான்கு கேள்விகளுக்கு எழுத்தில் பதில் கேட்கிறோம்: நியமனக் கடிதத்தில் கையொப்பமிடுவது யார்? பிடித்தம் போகக் கையில் எவ்வளவு? தொழிலாளியா, பதிவு பெற்ற பழகுநரா? சேருவதற்கு ஏதாவது பணம் உண்டா? கடைசிக் கேள்விக்கு 'உண்டு' என்றால் அறிவிப்பு அங்கேயே நின்றுவிடும். அசல் சான்றிதழைக் காட்டிவிட்டு உடனே வாங்கி வரவேண்டும், நகலை மட்டுமே விட்டு வரவேண்டும் என்று பிள்ளைகளிடம் சொல்லி அனுப்புகிறோம். தமிழ்நாடு அரசின் தனியார் வேலை இணையத்தில் கட்டணம் எதுவும் இல்லை என்பதையும் அறிவிப்புப் பலகையில் எழுதியிருக்கிறோம். இணையவழியில் பணம் போய்விட்டால் உடனே அழைக்க 1930 என்ற எண்ணும் அங்கே இருக்கிறது. ஊதியப் பிரச்சினைகளுக்குத் திருவள்ளூர் ஆட்சியர் அலுவலகத்தின் திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்க, தேவையானவர்களோடு பங்குப் பேரவையிலிருந்து ஒருவர் போகிறார்.

அந்த 14 பேரில் 13 பேரின் சான்றிதழ்களை நேரில் போய்ப் பேசி வாங்கிவிட்டோம். ஒருவருடையது கிடைப்பதற்குள் அந்த அலுவலகத்தையே காலி செய்துவிட்டார்கள். காவல் நிலையத்தில் காணாமல்போன சான்றிதழுக்கு மனு, பிறகு பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் என்று நகல் பட்டம் கைக்கு வர அவருக்கு ஏழு மாதமாயிற்று. அந்த ஏழு மாதமும் எந்த நேர்காணலுக்கும் அவர் போகவில்லை.

சென்ற வாரமும் ஒருவர் துண்டுச்சீட்டோடு வந்தார். நான்கு கேள்விகளையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தோம். "ஆபீஸ்ல கேட்டுட்டு வர்றேன் ஃபாதர்" என்று போனார். இன்னும் வரவில்லை.