கள்ளன் வந்து போன வீடு

காலை ஆறரை மணிக்குத் தொலைபேசி அடித்தால் எனக்கு நெஞ்சு ஒருமுறை திடுக்கிடும். சமூகப் பணியில் இருப்பவர்களுக்கு அந்த நேரத்தில் நல்ல செய்தி வருவது குறைவு. கடந்த மாரியில் ஒருநாள் அப்படித்தான் அடித்தது. கிளிநொச்சி மாவட்டத்தில் ஒரு குளத்தோரக் கிராமம். மாதர் சங்கத்தில் எனக்குப் பழக்கமான அக்கா ஒருவர்.

"தங்கச்சி, ராத்திரி கள்ளன் வந்திட்டான். ஒருக்கா வந்திட்டுப் போங்கோ."

நான் போய்ச் சேர ஒன்பது மணியாகிவிட்டது. அதற்குள் அக்கா வீட்டைக் கூட்டி, கழுவி, சிதறிக் கிடந்த உடுப்புகளை மடித்து அடுக்கி, தானும் முழுகிவிட்டார். முற்றத்தில் தண்ணீர் கூடத் தெளித்திருந்தார். கள்ளன் மிதித்த தடயம் ஒன்றுகூட இல்லை. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். "ஊர்ச்சனம் வந்து பாக்கேக்க வீடு அலங்கோலமாக் கிடந்தா வெக்கமெல்லே, தங்கச்சி" என்றார். களவு கொடுத்தவருக்கு வெட்கம். எடுத்தவனுக்கு வந்ததோ தெரியாது.

அக்காவின் கணவர் 2009 இல், இறுதிப் போரின் கடைசி நாட்களில் காணாமற்போனவர். மகளுக்கு இப்போது பதினாறு வயது. சுவரில் ஆணியில் தொங்கிய ஒரு கறுப்புக் கைப்பையைத்தான் கள்ளன் எடுத்துப் போனான். அதற்குள் சங்கத்துக்குக் கட்டவேண்டிய கடன் காசு பதினாலாயிரம் ரூபாய் இருந்தது. தாலிக்கொடி இருந்தது. இரண்டையும்விட, கணவரின் பிறப்புச் சான்றிதழ், கலியாணப் பதிவு, மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கும் செஞ்சிலுவைச் சங்கத்துக்கும் கொடுத்த முறைப்பாடுகளின் துண்டுகள், கடவுச்சீட்டு அளவில் இரண்டு படங்கள் எல்லாம் அதற்குள்ளேயே இருந்தன.

தாலிக்கொடியை ஏன் பையில் வைத்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. பலர் கேட்டார்கள். காணாமற்போனவரின் மனைவிக்கு இது எவ்வளவு சிக்கலான விடயம் என்று எங்கள் வாசகிகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கழுத்தில் போட்டால் "இன்னும் போட்டிருக்கிறாவே" என்று ஒரு கதை. கழற்றினால் "அவரைச் செத்ததாக்கிப் போட்டா" என்று இன்னொரு கதை. அக்கா கண்ட வழி, கையோடு கொண்டு திரியும் பையில் வைப்பது.

*பொருள் போனது ஒரு பக்கம்*

அன்று வந்து பார்த்தவர்கள் எல்லோரும் சொன்ன ஆறுதல் ஒன்றுதான்: "உயிர் தப்பினதே பெரிய காரியம்." அக்கா தலையாட்டிக்கொண்டே இருந்தார். எல்லோரும் போன பிறகு சொன்னார், "இதைத்தான் 2009 இலயும் சொன்னவை. இன்னும் எத்தனைதரம் உயிர் மட்டும் தப்புறது?"

அதன் பிறகு இரண்டு வாரம் அவர் ஒழுங்காக நித்திரை கொள்ளவில்லை. மகளைச் சுவரோரமாகப் படுக்க வைத்து, தான் கதவுப் பக்கம் பாயை விரித்து, தலையணையின் கீழ் கத்தி ஒன்றை வைத்துக்கொண்டு படுத்தார். நாய் குரைத்தால் எழுந்து இருந்துவிடுவார். அவருக்கு அது கள்ளனைக் கண்டு குரைக்கும் நாயாகக் கேட்பதில்லை. விடியப்புறச் சுற்றிவளைப்புகளுக்கு முன்னால் தெரு முனையில் தொடங்கி வீடு வீடாக நெருங்கி வரும் அந்தப் பழைய குரைப்புத்தான் கேட்கும். ஒரு கள்ளன் கதவைத் திறந்தபோது, கூடவே இருபது வருடத்துக் கதவுகளும் திறந்துவிட்டன போல இருந்தது எனக்கு.

நான் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தவள். குற்றச்செயலைப் பற்றிய கோட்பாடுகளைப் பரீட்சைக்குப் பாடமாக்கியிருக்கிறேன். ஆனால் 2022 இல், பொருளாதார நெருக்கடியின் நடுவில், யாழ்ப்பாணத்தில் நான் வாடகைக்கு இருந்த அறைக்குள் களவு நடந்தபோதுதான் கொஞ்சம் விளங்கியது. போனது எரிவாயு சிலிண்டரும் சைக்கிளும்தான். என்னை அலைக்கழித்தது வேறு. என் அலுமாரியை ஒருவன் கிளறிப் பார்த்திருக்கிறான் என்ற நினைப்பு. அன்று பின்னேரமே எல்லா உடுப்பையும் தோய்த்துப் போட்டேன், தோய்த்து வைத்திருந்தவற்றையும் சேர்த்து.

ஆகவே களவு நடந்த வீட்டுக்குப் போனால் முதலில் புத்தி சொல்லாதீர்கள். கதவைப் பூட்டவில்லையா, பையை ஏன் அங்கே தொங்கவிட்டாய் என்ற கேள்விகள் எல்லாம் பிறகு. முதல் ஒரு வாரத்துக்கு இரவில் யாராவது துணைக்குப் போய்ப் படுங்கள். அக்காவுக்கு எங்கள் சங்கத்துப் பெண்கள் இருவர் இருவராக முறை வைத்துப் போனார்கள். கத்தியைத் தலையணைக்குக் கீழ் வைப்பது நல்லதில்லை என்பதை அவர்களே பேசிப் பேசி எடுக்கவைத்தார்கள். இருட்டில் முதலில் வெட்டுப்படுவது பக்கத்தில் படுக்கிற பிள்ளையாகவும் இருக்கலாம். பிள்ளைகளுக்கு முன்னால் நடந்ததை மறைக்கவும் வேண்டாம், திரும்பத் திரும்பச் சொல்லிப் பயமுறுத்தவும் வேண்டாம். ஒரு மாதம் கடந்தும் நித்திரை வராவிட்டால், சாப்பாடு இறங்காவிட்டால், ஆதார வைத்தியசாலையிலோ மாவட்ட வைத்தியசாலையிலோ உள்ள உளநலப் பிரிவுக்குப் போகலாம். 1926 என்ற தேசிய உளநல நிறுவனத்தின் தொலைபேசி இலக்கத்திலும் கதைக்கலாம். இது பைத்தியத்துக்கு மருந்து எடுக்கும் அலுவல் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

*பொலிசுக்குப் போவதா?*

அக்காவுக்கு விருப்பமில்லை. "போனா, இரவில ஆர் வந்தது எண்டு கேப்பினம்" என்றார். தனித்து வாழும் பெண்ணின் வீட்டில் களவு நடந்தால் ஊரில் எழும் முதல் கதை எதுவென்று நமக்குத் தெரியும். ஆனால் முறைப்பாடு இல்லாவிட்டால், நாளைக்குக் கள்ளன் பிடிபட்டாலும் அந்தக் கொடி உங்களுடையது என்று சொல்ல ஒரு கடதாசியும் இருக்காது. தொலைந்த அடையாள அட்டைக்குப் பதில் அட்டை எடுக்கவும் பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி தேவை.

நாங்கள் மூன்று பேராகப் போனோம். முறைப்பாட்டைத் தமிழில் சொல்லவும், சொன்ன மொழியிலேயே எழுதிக்கொள்ளும்படி கேட்கவும் உங்களுக்கு உரிமை இருக்கிறது. எழுதியதை வாசித்துக் காட்டிய பிறகே கையொப்பம் இடுங்கள். விளங்காத மொழியில் எழுதியிருந்தால் கையொப்பமிட அவசரப்பட வேண்டாம். முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும் குறித்துக்கொண்டு வாருங்கள். ஆண் உத்தியோகத்தரிடம் சொல்லக் கூச்சமான விடயம் ஏதும் நடந்திருந்தால் பெண்கள் சிறுவர் பிரிவைக் கேளுங்கள். குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கும் சாட்சிகளுக்கும் பாதுகாப்பு அளிக்கும் சட்டம் ஒன்று 2015 இல் வந்தது. 2023 இல் அதற்குப் பதிலாகப் புதிய சட்டம் கொண்டுவரப்பட்டது. "முறைப்பாடு கொடுத்தால் உன்னைப் பார்த்துக்கொள்ளுவன்" என்று யாராவது வெருட்டினால் அதுவும் தனிக் குற்றம்.

இன்னொன்று. கள்ளன் வந்து போனது தெரிந்தால், கூட்டுவதற்கு முன் 119 இற்கு அடியுங்கள். உடைந்த திறாங்கையும் திறந்து கிடக்கும் பெட்டியையும் தொடாமல் விடுங்கள். விரல் அடையாளம் எடுக்கவும் மோப்ப நாய் கொண்டுவரவும் அது தேவை. அக்காவின் வீட்டில் மிஞ்சியிருந்த ஒரே தடயம் அலவாங்கு. அதுவும் அக்காவின் சொந்த அலவாங்குதான்.

*அலவாங்கு கிணற்றடியில் இருந்தது*

ஆம், கள்ளன் வெறுங்கையோடுதான் வந்தான். கிணற்றடியில் கிடந்த அலவாங்கை எடுத்து, குசினிக் கதவை நெம்பினான். அன்று நல்ல மழை. தகரக் கூரையில் மழை பெய்யும்போது பக்கத்தில் நின்று கூப்பிட்டாலும் கேட்காது. ஆகவே பொழுதுபடும்போது ஆடு மாட்டைக் கட்டுவதைப்போல அலவாங்கு, கோடாலி, மண்வெட்டி, ஏணி ஆகியவற்றையும் உள்ளே எடுத்துவிடுங்கள். ஏணியை எடுக்க முடியாவிட்டால் மரத்தோடு சங்கிலி போட்டுப் பூட்டுங்கள்.

மீள்குடியேற்றத்தின் பின் 2012 இலிருந்து இந்திய வீட்டுத் திட்டத்தில் ஐந்து இலட்சத்து ஐம்பதாயிரம் ரூபாய் பகுதி பகுதியாகக் கிடைத்தது. அந்தக் காசில் சுவர் எழும்பியது, கூரையும் ஏறியது. கதவு யன்னலுக்கு வரும்போது பலருக்குக் கை வறண்டுவிட்டது. முன்கதவு மட்டும் நல்ல பலகை, குசினிக் கதவு தகரம், யன்னலுக்குச் சீலை என்று இன்றும் எத்தனையோ வீடுகள். வருகிறவன் முன்கதவால் வரமாட்டான். கையில் கொஞ்சக் காசு சேர்ந்தால் முதலில் பின்கதவைக் கவனியுங்கள். புதுக்கதவு போட வசதியில்லையென்றால், உள்ளே இரண்டு பக்கச் சுவரிலும் இரும்புக் கொளுக்கி பதித்துக் குறுக்கே ஒரு பாலைத் தடியைப் போடலாம். எங்கள் பாட்டிமார் செய்த வேலைதான். திறாங்கைச் சின்ன ஆணியால் அடிக்காமல், கதவின் மறுபக்கம் வரை போகும் நட்டுப் பூட்டிய ஆணியால் இறுக்குவிக்க வேண்டும். தச்சனுக்கு அரைமணி நேர வேலை. இரவில் கதவோரம் இரண்டு அலுமினியச் சட்டியை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டால், கதவு அசைந்ததும் வீடே எழும்பும். சிரிக்காதீர்கள், நான் இன்றும் செய்கிறேன்.

யன்னலுக்குக் கம்பி இல்லாவிட்டால் கட்டிலையும், மின்னேற்றும் தொலைபேசியையும் யன்னலோரத்தில் வைக்க வேண்டாம். ஆமைப்பூட்டின் திறப்பைப் பூச்சாடிக்குக் கீழ் வைப்பதைக் கள்ளன் அறிவான். அவனும் ஒரு வீட்டில் வளர்ந்தவன்தானே. வேலிக் கிளுவையை ஆளுயரத்துக்கு மேல் வளரவிட்டால் நமக்கு மறைப்பு, உள்ளே வந்துவிட்டவனுக்கும் மறைப்பு. இரவில் மலசலகூடத்துக்குப் போகும்போது ரோச்சோடும் துணையோடும் போவதுடன், வீட்டுக்கதவை வெளியே கொளுவிவிட்டுப் போங்கள்.

எல்லாம் செய்தும் ஒருவன் உள்ளே வந்து நிற்பதைக் கண்டால்? மறித்துப் பிடிக்கப் போகாதீர்கள். பிள்ளையை இழுத்துக்கொண்டு வெளியே ஓடி, சத்தம் போடுங்கள். ஓட வழியில்லாவிட்டால் கேட்டதைக் கொடுங்கள். முகத்தைவிட நடையையும் குரலையும் நினைவில் வையுங்கள்.

*பொன்னும் கடதாசியும்*

2025 இல் 22 கரட் தங்கம் பவுண் ஒன்று மூன்று இலட்சம் ரூபாயைத் தாண்டியது. ஒரு காப்பு இருக்கும் வீடும் இன்று கள்ளனுக்குப் பெரிய வீடுதான். எங்கள் பெண்கள் பலர் நகையைக் காப்பாற்ற வங்கியில் அடகு வைக்கிறார்கள். காசு தேவைக்காக அல்ல, பத்திரத்துக்காக. கெட்டித்தனமான வழிதான், ஆனால் மிகக் குறைந்த தொகைக்கு வையுங்கள். கூட எடுத்தால் வட்டி ஏறும், எடுத்த காசும் செலவாகிவிடும். தவணைத் திகதியைக் கலண்டரில் எழுதுங்கள். கள்ளன் எடுக்காததை ஏலம் எடுத்துவிடக் கூடாது. வங்கியில் பெட்டகம் கிடைத்தால் இரண்டு சகோதரிகள் சேர்ந்து எடுப்பது செலவைக் குறைக்கும்.

நகையை நிறுத்து, நிறையை எழுதி, படமும் எடுத்து வையுங்கள். சைக்கிளின் சட்டத்தில் அடித்திருக்கும் இலக்கத்தை எழுதுங்கள். கைத்தொலைபேசியில் *#06# அழுத்தினால் வரும் பதினைந்து இலக்கத்தையும் எழுதுங்கள். இவற்றை அதே தொலைபேசியில் மட்டும் வைத்தால் பயனில்லை.

கடதாசிகளைப் பற்றிச் சொல்லும்போது எனக்கே என்மேல் கோபம் வருகிறது. காணாமற்போனவரின் ஆவணங்களைப் பல பிரதி எடுத்து, ஒன்றைத் தங்கை வீட்டிலும் ஒன்றை நம்பிக்கையான இன்னொருவரிடமும் வையுங்கள் என்று கூட்டங்களில் நானே சொல்லியிருக்கிறேன். அக்காவும் முன்வரிசையில் இருந்து கேட்டவர்தான். பிரதி எடுத்தாரா என்று நான் ஒருநாளும் போய்ப் பார்க்கவில்லை. பிறப்பு, விவாகச் சான்றிதழ்களின் பிரதிகளைப் பிரதேச செயலகத்தில் திரும்ப எடுக்கலாம். பழைய படத்தை எங்கே எடுப்பது?

மூன்றாம் நாள் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை வாய்க்கால் கரையில் பையைக் கண்டெடுத்தது. காசும் கொடியும் இல்லை. துண்டுகள் நனைந்திருந்தாலும் காயவைக்க வாசிக்க முடிந்தது. படங்களில் ஒன்று பிளாஸ்ரிக் உறையோடு ஒட்டி உரிந்துவிட்டது. மற்றது தப்பியது. அதை அன்றே பட்டணத்துக்குக் கொண்டுபோய்ப் பெரிதாக்கி ஐந்து பிரதி எடுத்தோம்.

*ஊரும் கள்ளனும்*

எங்கள் கிராமங்கள் மொத்தமாக வெறிச்சோடும் நாட்கள் சில இருக்கின்றன. கோயில் தேர், செத்தவீடு, மே 18 முள்ளிவாய்க்கால் நினைவேந்தல். அந்த நாட்களில் தெருவுக்கு இரண்டு பேர் வீட்டில் நிற்பதென்று இப்போது அந்தச் சங்கத்தில் முடிவு செய்திருக்கிறார்கள். ஒருவருக்கு ஒருவர் அடித்துச் சொல்லும் தொலைபேசி வரிசை ஒன்றும் உண்டு. ஆனால் தடியோடு காவல் நிற்பதற்கு நான் சம்மதிக்கவில்லை. 2011 ஆகஸ்டில் கிறீஸ் பூதம் என்ற பீதி நாடெங்கும் கிளம்பியபோது, தெரியாத முகம் என்பதற்காகவே ஆட்கள் அடிபட்டதை நாம் மறந்துவிடக் கூடாது.

இங்கே பிடிபட்டது தெரியாத முகம் அல்ல. இரண்டு மாதம் கழித்து, வேறொரு களவில் பொலிசார் பிடித்த பொடியன், அதே ஊர், பத்தொன்பது வயது. தூளுக்கு அடிமையானவன். அவனுடைய தாயும் எங்கள் சங்கத்துக்காரிதான். புருசனை ஷெல்லில் இழந்து, கூலி வேலை செய்து அவனை வளர்த்தவர். கூட்டத்தில் ஒருவரும் அவருக்குப் பக்கத்தில் இருக்கவில்லை. பிறகு அவர் கூட்டத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டார். நான் அவருடைய வீட்டுக்கும் போனேன். அங்கேயும் பின்கதவு தகரம்தான். வீட்டிலிருந்த தன்னுடைய சங்கிலியை மகன் முதலிலேயே எடுத்துவிட்டதாகவும், வெட்கத்தில் யாருக்கும் சொல்லவில்லை என்றும் அழுதார். மறுவாழ்வுச் சிகிச்சைக்கு அவனை அனுப்ப என்ன வழி என்று கேட்டார். விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

அக்காவிடம் இதைச் சொல்ல எனக்குத் தயக்கமாக இருந்தது. கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அவன் சின்னனில என்ர மடியில கிடந்தவன். பங்கருக்குள்ள" என்றார். பிறகு, "எண்டாலும் நான் வழக்கை விடமாட்டன்" என்றும் சொன்னார்.

கொடி ஒரு அடகுக் கடையில் கிடைத்தது. நீதிமன்றத்தில் அது தன்னுடையதுதான் என்று அக்கா அடையாளம் காட்ட வேண்டும். அடுத்த தவணை வருகிற மாதம். என்னையும் கூட வரச் சொல்லியிருக்கிறார். பட்டணத்துக்குக் காலையில் ஒரு பஸ்தான். அந்தத் தாயும் அதில்தான் வருவார்.